வேலையில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வேறு வேலைக்கு மாறுவதா, மேற்படிப்புக்குப் போவதா?

கேட்டவர் தந்திருக்கும் விவரம் இவ்வளவுதான்: படித்து முடித்ததும் கிடைத்த முதல் வேலை. இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வதுபோல் இருக்கிறது, சம்பளமும் பெரிதாக ஏறவில்லை. கூடப் படித்தவர்களில் சிலர் வேறு நிறுவனத்துக்கு மாறிவிட்டார்கள், சிலர் முதுகலைக்குப் போய்விட்டார்கள்.

நான் முதலில் வேலை மாறினேன். அப்புறம் வேலையில் இருந்துகொண்டே முதுகலை முடித்தேன். இப்போது எங்கள் குழுவுக்கு ஆளெடுக்கும்போது நேர்காணல் செய்வதும் நான்தான். அதனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் போக நினைக்கும் பதவிக்குப் பட்டம் இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாது என்றால் படிக்கப் போங்கள். இல்லையென்றால் முதலில் வேலை மாறுங்கள்.

இரண்டும் ஒரே எடை உள்ள முடிவுகள் இல்லை. வேலை மாறினால் படிப்பு எங்கும் போய்விடாது. படிக்கப் போனால் சம்பளம் அந்த மாதமே நின்றுவிடும், பிடிக்கவில்லை என்று பாதியில் திரும்புவதும் லேசு இல்லை. வெளிநாட்டு முதுகலைக்குப் பல இடங்களில் கேட்கும் ஜிஆர்இ, ஜிமேட் நுழைவுத் தேர்வுகளின் மதிப்பெண்கள் ஐந்து ஆண்டுகள் செல்லும். படிக்கும் பழக்கம் விட்டுப்போகும் முன்பே அந்தத் தேர்வை எழுதி வைத்துக்கொண்டு வேலை மாறலாம். ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ், டோஃபல் இரண்டுக்கும் இரண்டு ஆண்டுகள்தான் என்பதால், அவற்றை விண்ணப்பிக்கும் நேரத்தில் எழுதினால் போதும்.

அனுபவம் கூடினால் படிப்புக்கும் நல்லதுதான். பிரிட்டனின் செவனிங் உதவித்தொகைக்குக் குறைந்தது 2,800 மணிநேர வேலை அனுபவம் கேட்கிறார்கள், அதாவது ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள். வளரும் நாடுகளில் இருந்து வருபவர்களுக்காக ஜெர்மனியின் டாட் (DAAD) கல்விப் பரிமாற்ற அமைப்பு நடத்தும் முதுகலை உதவித்தொகைத் திட்டம் ஒன்று இரண்டு ஆண்டு அனுபவம் கேட்கிறது. ஆனால் அதே திட்டத்தில், கடைசிப் பட்டம் வாங்கி ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்றும் பொதுவாக ஒரு நிபந்தனை உண்டு. ஆக, அவசரம் இல்லை என்றாலும் ஒரேயடியாகத் தள்ளிப்போடவும் முடியாது.

சரி, பட்டம் கட்டாயமா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அடுத்த வேலையை விடுங்கள், ஐந்து ஆண்டுகள் கழித்து எந்தப் பதவியில் இருக்க ஆசையோ அதற்கான விளம்பரங்களை ஒரு இருபது எடுத்து வரிசையாகப் படியுங்கள். தகுதி என்று போட்டிருக்கும் வரியை மட்டும் பாருங்கள். ‘முதுகலைப் பட்டம் கட்டாயம்’ என்பது ஒரு வகை. ‘முதுகலை அல்லது அதற்கு இணையான அனுபவம்’ என்பது இன்னொரு வகை. ‘முதுகலை இருந்தால் நல்லது’ என்பது மூன்றாவது. மூன்றாவது வகையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அப்படிப்பட்ட விளம்பரங்களை நானே எழுதியிருக்கிறேன். பல நேரம் அந்த வரி பழைய விளம்பரத்தில் இருந்து அப்படியே ஒட்டப்பட்டதாக இருக்கும், யாரும் அதை வைத்து ஆளைக் கழிப்பதில்லை. முதல் வகைதான் உண்மையான தடை. மருத்துவ உளவியல், பல்கலைக்கழக ஆசிரியப் பணி, ஆராய்ச்சி விஞ்ஞானி போன்றவை பெரும்பாலும் அதில் வரும். அங்கெல்லாம் எத்தனை நிறுவனம் மாறினாலும் பட்டம் இல்லாத குறை தீராது.

துறையையே மாற்ற விரும்புபவர்களுக்கும் படிப்பு உதவும். ஆனால் அதற்கு முன் ஒன்றை முயன்று பாருங்கள்: இப்போது இருக்கும் நிறுவனத்திலேயே வேறு குழு. உங்களைத் தெரிந்தவர்கள் இருக்கும் இடத்தில்தான் முன்அனுபவம் இல்லாத வேலையை நம்பிக் கொடுப்பார்கள். வெளியே போனால் அனுபவச் சான்று கேட்பார்கள். ஏனோ யாரும் இந்த வழியைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

போன வருடம் குழுவில் ஒரு தம்பி வந்து, “அண்ணா, வேலையை விட்டுட்டு எம்எஸ் போயிடலாம்னு இருக்கேன்” என்றான். எந்தப் பாடத்தில் முதுகலை என்று கேட்டேன். “அதை இனிமேதான் பார்க்கணும்ணா.” அதற்கு முந்தைய நாள்தான் மேலாளரோடு அவனுக்குப் பெரிய வாக்குவாதம் நடந்திருந்தது. அவனுக்குத் தேவைப்பட்டது வேறு மேலாளர், எம்எஸ் இல்லை. இரண்டு மாதத்தில் வேறு குழுவுக்கு மாறினான், அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

உங்களுக்கு எது என்று சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. சேர நினைக்கும் படிப்பின் முதல் பருவப் பாடத்திட்டத்தைத் தரவிறக்குங்கள். அதில் இருப்பதிலேயே கடினமான பாடம் எதுவோ, அதையொட்டிய வகுப்பு ஒன்றை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் நடத்தும் ஓப்பன்கோர்ஸ்வேர் இணையதளத்தில் தேடுங்கள். விரிவுரைகளும் பயிற்சிக் கணக்குகளும் இலவசமாகவே கிடைக்கும். வேலை முடிந்து வந்த பிறகு, விரிவுரையைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் கணக்குகளைப் போட்டுப் பாருங்கள். இரண்டாவது வாரமும் தானாகப் போய் உட்கார்ந்தால் படிப்பில் உண்மையான ஆசை இருக்கிறது. முதல் கணக்கிலேயே கைபேசியை எடுத்துவிட்டால் வேலையில்தான் சலிப்பு.

அடுத்தது பணம். இதில் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே இடத்தில் வழுக்குகிறார்கள். படித்த பிறகு வரப்போகும் சம்பளத்தை இப்போதைய சம்பளத்தோடு ஒப்பிடுகிறார்கள். ஒப்பிட வேண்டியது, வேலை மாறினால் கிடைக்கும் சம்பளத்தோடு. இப்போது ஆண்டுக்கு 100 வாங்குகிறீர்கள், மாறினால் 130 கிடைக்கும், இரண்டு ஆண்டுப் படிப்புக்குச் செலவு 150, படித்து வந்தால் 160 கிடைக்கும் என்று வையுங்கள். படிக்கப் போனால் இழப்பது இரண்டு ஆண்டுச் சம்பளம் 260, அதோடு செலவு 150, மொத்தம் 410. படித்ததால் கூடுதலாக வருவது ஆண்டுக்கு 30 மட்டும். போட்டதை எடுக்கவே 13 ஆண்டுகளுக்கு மேல் ஆகும், கடன் வட்டி இதில் சேரவில்லை. அதே படிப்பு 220 வாங்கித் தரும் என்றால் ஐந்து ஆண்டுகளுக்குள் எடுத்துவிடலாம். இரண்டு பக்கமும் சம்பளம் இதே அளவில் நிற்காது என்பது தெரிந்ததுதான், ஆனாலும் உங்கள் எண்களைப் போட்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள். 220 என்ற இடத்தில் எந்த எண்ணைப் போடுவது என்று கல்லூரியின் விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். போன ஆண்டு முடித்த இரண்டு மூன்று பேரிடம் நேராகக் கேளுங்கள்.

பட்டத்தால் என்ன பயன் என்பதற்குப் பொருளியலில் ஒரு பழைய விளக்கம் உண்டு. படிப்பு திறமையைக் கூட்டாவிட்டாலும், ஒருவரிடம் ஏற்கனவே இருக்கும் திறமையை முதலாளிக்குக் காட்டும் அடையாளமாகப் பயன்படலாம் என்று 1973இல் மைக்கேல் ஸ்பென்ஸ் காட்டினார். 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். நேர்காணல் மேசையில் இதை நான் கண்கூடாகவே பார்க்கிறேன். கல்லூரி முடித்த புதிதில் காட்டுவதற்கு வேறொன்றும் இல்லாததால் பட்டத்துக்கு மதிப்பு அதிகம். ஐந்தாறு ஆண்டுகள் ஆனபின் நான் முதலில் பார்ப்பது கடைசியாகச் செய்த வேலையைத்தான். உங்கள் விண்ணப்பத்துக்கு எங்கிருந்தும் அழைப்பே வரவில்லை என்றால், பெயர்பெற்ற கல்வி நிறுவனத்தில் வாங்கும் முதுகலை அந்தக் குறையைத் தீர்க்கும். எங்காவது ஓரிடத்தில் இடம் கிடைத்தது என்று போய்ச் சேர்ந்தால் தீராது.

என் பேச்சுக்கு ஒரு விலக்கு உண்டு. முனைவர் பட்டம்தான் இலக்கு என்றால் வேலை மாறி நாளைக் கடத்த வேண்டாம். பரிந்துரைக் கடிதம் தர வேண்டிய பேராசிரியர்களுக்கு உங்கள் முகமும் நீங்கள் செய்த ப்ராஜெக்ட்டும் வெகுகாலம் நினைவில் இருக்காது. கணக்கும் துருப்பிடிக்கும்.

இரண்டையும் சேர்த்துச் செய்வதும் புதிதல்ல. வேலை பார்ப்பவர்களுக்கான எம்பிஏவை சிகாகோ பல்கலைக்கழகம் 1943லேயே தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தின் இணையவழிக் கணினி முதுகலை 2014இல் வந்தது. புது வேலையில் சேர்ந்த கையோடு இதில் இறங்காதீர்கள். வேலை பிடிபட ஆறு மாதமாவது விட்டுவிட்டுத் தொடங்குங்கள். வார இறுதி என்று ஒன்று இருக்காது, இதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

நிறுவனமே கட்டணம் கட்டினால் பெரும்பாலும் பாண்ட் கேட்பார்கள், அதாவது இத்தனை காலம் இங்கேயே வேலை பார்ப்பேன் என்ற ஒப்பந்தம். எங்கும் செல்லுபடியாகும் திறமையை உங்களுக்குக் கொடுத்தால் அதோடு நீங்கள் கிளம்பிவிடலாம் என்ற பயம்தான் காரணம். கையெழுத்துப் போடும் முன் ஒரே ஒரு பிரிவைத் தேடிப் படியுங்கள்: இடையில் விலகினால் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டுமா, வேலை பார்த்த மாதங்களுக்கு ஏற்பக் குறையுமா? குறையும் என்றால் கையெழுத்துப் போடலாம். முழுத் தொகை என்றால் மனிதவளத் துறையிடம் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் சில இடங்களில் மாற்றித் தருகிறார்கள்.