குடித்தவரின் சம்மதம்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் கல்லூரி ஒன்றில் மாணவர் நலப் பொறுப்பையும் சேர்த்துப் பார்த்துவரும் பேராசிரியர். புதிதாகச் சேரும் மாணவர்களிடம் மது, சம்மதம், பாலியல் வன்முறை ஆகியவை குறித்து ஆண்டுதோறும் பேச வேண்டியது என் கடமை. இம்முறை கூட்டத்தின் முடிவில் ஒரு மாணவர் எழுந்து, "இருவருமே குடித்து, இருவருக்குமே நிதானம் இல்லாதபோது, ஒருவரை மட்டும் குற்றவாளி என்பது எப்படி நியாயம்?" என்று கேட்டார். அவர் விஷமத்துக்காகக் கேட்கவில்லை. நான் சொன்ன பதில் எனக்கே நிறைவளிக்கவில்லை. இன்னொரு சங்கடமும் இருக்கிறது. "குடிக்காதீர்கள்" என்று மாணவிகளிடம் சொன்னால், பழியை அவர்கள்மேல் சுமத்துகிறேன் என்கிறார்கள். சொல்லாமல் விட்டால் மனம் உறுத்துகிறது. இவை பற்றித் தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள பேராசிரியருக்கு,

அந்த மாணவர் கேட்டது, அங்கே அமர்ந்திருந்த பலரும் கேட்கத் தயங்கிய கேள்வியாகத்தான் இருக்கும். ஆகவே அதற்கு மழுப்பாமல் விடை சொல்ல வேண்டும். குடித்திருந்தது இருவருக்கும் பொதுவாக இருக்கலாம். நடந்த செயல் இருவருக்கும் பொதுவானது அல்ல. ஒருவர் அதைச் செய்திருக்கிறார், மற்றவர் அதற்கு ஆளாகியிருக்கிறார். நிதானமிழந்து கிடப்பவரின் பையிலிருந்து பணத்தை எடுத்தவர், தானும் போதையில்தான் இருந்தேன் என்று சொன்னால், பறிகொடுத்தவருக்கும் எடுத்தவருக்கும் சம பொறுப்பு என்று யாரும் தீர்ப்பளிப்பதில்லை. இதில் ஆண், பெண் என்ற வேறுபாடும் அடிப்படையானதன்று. ஆளானவர் ஆணாக இருந்தாலும், இருவரும் ஒரே பாலினத்தவராக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் இவையே: யார் செயலைத் தொடங்கி நடத்தினார், மற்றவர் சம்மதிக்கும் நிலையில் இருந்தாரா, அவர் அந்நிலையில் இல்லை என்பது செய்தவருக்குத் தெரிந்திருந்ததா, அல்லது தெரிந்திருக்க வேண்டியதா?

சட்டங்களும் ஏறத்தாழ இதே வழியில்தான் செல்கின்றன. 2014இல் கலிபோர்னியா மாநிலம் கல்லூரிகளுக்காக இயற்றிய சட்டம், மற்றவர் சம்மதித்தார் என்ற நம்பிக்கை ஒருவருக்குத் தன் சொந்தப் போதையினால் உண்டாகியிருந்தால் அதை ஒரு காரணமாக ஏற்கக்கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. உங்கள் மாணவருக்கு அந்த ஒரு விதியே பாதி விடை. இந்தியாவில் 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 63ஆம் பிரிவு, தான் எதற்குச் சம்மதிக்கிறோம், அதன் விளைவு என்ன என்று புரிந்துகொள்ள இயலாத அளவுக்குப் போதையில் இருக்கும் பெண் தரும் சம்மதத்தைச் சம்மதமாகக் கொள்வதில்லை. போதை அவர் தானாகக் குடித்ததால் வந்ததா, பிறர் கொடுத்ததால் வந்ததா என்பது அங்கே வேறுபாட்டை உண்டாக்குவதில்லை. எதிர்த்துப் போராடவில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்துச் சம்மதம் இருந்ததாகக் கொள்ள முடியாது என்பதையும் அப்பிரிவு விளக்குகிறது.

அதே வேளையில், ஒரு வாய் குடித்தவர்கூடச் சம்மதிக்கவே முடியாது என்று சில விழிப்புணர்வுக் கூட்டங்களில் சொல்லப்படுவதை நான் ஏற்கவில்லை. அது பெரும்பாலான இடங்களில் சட்டமும் அன்று. மாணவர்கள் அதை நம்பப்போவதும் இல்லை. மிகைப்படுத்திய ஒரு விதியைச் சொல்லிவிட்டால், அதோடு சேர்த்துச் சொன்ன உண்மைகளையும் அவர்கள் தள்ளிவிடுவார்கள். இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007இல் ஒரு வழக்கில் இதைத் தெளிவுபடுத்தியது: நிறையக் குடித்திருந்தும் தன் விருப்பத்தைத் தீர்மானிக்க முடிகிற ஒருவர் சம்மதிக்கக்கூடும், ஆனால் அந்தத் தீர்மானிக்கும் ஆற்றல், முழுமையாகச் சுயநினைவிழப்பதற்கு வெகுமுன்பே ஒருவரைவிட்டுப் போய்விடவும் கூடும். எத்தனை கோப்பை என்ற எண்ணிக்கையை வைத்து இந்த எல்லையை வரைய முடியாது. நாக்குழறல், தள்ளாட்டம், வாந்தி, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமை, கண் செருகுதல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அங்கே சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. உறங்கிவிட்டவரைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

சிக்கல் இந்த அடையாளங்கள் எதுவும் தென்படாத நிலையில்தான் இருக்கிறது. இதைப் பற்றி உங்கள் கூட்டத்தில் சற்று விரிவாகவே பேசலாம். குருதியில் மதுவின் அளவு வேகமாக ஏறும்போது, மூளையில் ஹிப்போகாம்பஸ் எனப்படும் பகுதி புதிய நினைவுகளைப் பதிவுசெய்வதை நிறுத்திவிடுகிறது. இதைத்தான் பிளாக்அவுட் என்கிறார்கள். இது மயங்கி விழுவது அன்று. அந்நிலையில் இருப்பவர் நடப்பார், பேசுவார், சிரிப்பார், கேட்ட கேள்விக்கு விடையும் சொல்வார். மறுநாள் அதில் எதுவும், அல்லது பெரும்பகுதி, அவர் நினைவில் இருக்காது. வெறும் வயிற்றில் குடிப்பது, குறுகிய நேரத்தில் அதிகம் குடிப்பது, தூக்க மருந்தோடு குடிப்பது ஆகியவை இந்த ஆபத்தைக் கூட்டும். உடலில் நீரின் விகிதம் குறைவாக இருப்பதால், அதே எடையுள்ள ஆணைவிடப் பெண்ணின் குருதியில் அதே அளவு மது கூடுதலான செறிவை எட்டும். கடைசி மடக்குக்குப் பிறகும் சிறிது நேரம் அந்த அளவு ஏறிக்கொண்டே போகலாம். காபியோ குளிர்ந்த நீரோ அதை இறக்காது. எதிரில் இருப்பவர் இந்நிலையில் இருக்கிறாரா என்று பக்கத்தில் இருந்து பார்த்துச் சொல்வது மருத்துவருக்கே எளிதன்று. ஆகவே நான் மாணவர்களிடம் சொல்லக்கூடியது இதுதான்: அவர் நிறையக் குடித்ததைப் பார்த்திருந்தால், அவர் சொல்லும் "சரி"யை அன்றிரவு பயன்படுத்திக்கொள்ளாதீர்கள். உண்மையான விருப்பமாக இருந்தால் அது மறுநாளும் இருக்கும். தள்ளிப்போடுவதால் இருவருக்கும் எந்த இழப்பும் இல்லை.

"போதையில் என்ன செய்கிறேன் என்று தெரியாமல் செய்துவிட்டேன்" என்ற சாக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாணவர்களிடையே நடக்கும் பாலியல் தாக்குதல்களில் ஏறத்தாழ பாதியில், தாக்கியவரோ தாக்கப்பட்டவரோ இருவருமோ மது அருந்தியிருந்தார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் அந்தோனியா ஆபே பல ஆய்வுகளைத் தொகுத்து எழுதியிருக்கிறார். மது குற்றத்தை உண்டாக்குகிறது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. போதை ஒருவரின் கவனத்தை மிக அண்மையில் இருப்பதன்மேல், அப்போது அவருக்கு வேண்டியதன்மேல் குறுக்கிவிடுகிறது. விளைவும் மற்றவரின் தயக்கமும் பார்வைக்கு வெளியே போய்விடுகின்றன. உளவியலாளர்கள் கிளாட் ஸ்டீல், ராபர்ட் ஜோசப்ஸ் இருவரும் 1990இல் இதைக் கிட்டப்பார்வைக்கு ஒப்பிட்டு விளக்கினார்கள். ஆனால் எதிர்பார்ப்பின் பங்கும் சிறியதன்று. 1976இல் நடந்த ஓர் ஆய்வில், உண்மையில் மது இல்லாத பானத்தைக் குடித்துவிட்டு, மது குடித்ததாக நம்பிய ஆண்களுக்கும் பாலுணர்வுக் கிளர்ச்சி கூடியது. குடித்தால் இப்படித்தான் ஆகும் என்ற நம்பிக்கையே ஓர் அனுமதிச் சீட்டாகிவிடுகிறது. போதையில் எதுவும் தெரியவில்லை என்பவருக்குக் கதவைச் சாத்த மட்டும் தெரிந்திருந்தது எப்படி என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

இனி உங்கள் சங்கடம். மதுவைப் பற்றிய தகவலை மாணவிகளுக்குச் சொல்வதில் தவறில்லை. அவர்களுக்கு மட்டும் சொல்வதில்தான் தவறு இருக்கிறது. தாக்குதலைத் தடுக்கும் பொறுப்பை, தாக்கப்படக்கூடியவர் தன் இன்பங்களைக் குறைத்துக்கொள்வதன்மேல் முழுவதுமாக ஏற்றிவிட்டு, ஊற்றிக் கொடுப்பவரிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் போவதைத்தான் அவர்கள் பழி என்கிறார்கள். அது நியாயமான கோபம். தாக்குதலுக்குப் பயன்படுத்தப்படும் போதைப்பொருள்களில் மிகப் பரவலானது மதுவேதான். கோப்பையில் யாரோ அந்நியர் மருந்து கலக்கிறாரா என்று காவல் காக்கச் சொல்கிறோம். பழகிய நண்பர் வழக்கத்தைவிடக் கடுமையாகக் கலந்து, மறுத்தபோதும் மீண்டும் நிரப்புவதைக் கவனிக்கச் சொல்வதில்லை. "ஒருவரைச் சம்மதிக்க வைப்பதற்காக ஊற்றுவது விருந்தோம்பல் அன்று, குற்றத்துக்கான ஏற்பாடு" என்று மாணவர்களின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அறை சற்று நேரம் அமைதியாகிவிடும், பரவாயில்லை.

பெண்களுக்கான பயிற்சியால் பயனே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். கனடாவில் சார்லின் சென் தலைமையில் மூன்று பல்கலைக்கழகங்களில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், 12 மணி நேரப் பயிற்சி பெற்ற முதலாண்டு மாணவிகளில் அடுத்த ஓராண்டில் வன்புணர்வுக்கு ஆளானவர்கள் 5.2 விழுக்காடு, துண்டறிக்கைகள் மட்டும் பெற்றவர்களில் 9.8 விழுக்காடு. ஆனால் அந்தப் பயிற்சி குடிக்காதே என்ற அறிவுரை அன்று. தெரிந்தவர்களிடமிருந்து வரும் ஆபத்தை இனம் காண்பது, நண்பர் என்பதால் எதிர்க்கத் தயங்கும் மனத்தடையைக் கடப்பது, உடலால் தற்காத்துக்கொள்வது, தனக்கு எது வேண்டும் என்று தானே தெளிவது ஆகியவை அதில் இருந்தன. எல்லா எச்சரிக்கைகளையும் கடைப்பிடித்த பிறகும் ஒருவர் தாக்கப்பட்டால், பொறுப்பு தாக்கியவருடையதே என்பதையும் அதன் பயிற்சியாளர்கள் அழுத்திச் சொன்னார்கள்.

உடனிருக்கும் நண்பர்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். சண்டை போட வேண்டியதில்லை. "உன்னை ஒருவர் தேடுகிறார்" என்று இடையில் புகுவதும், சேர்ந்து வந்தவர்கள் சேர்ந்தே திரும்புவதும் பெரும்பாலும் போதும். ஆனால் அந்த நண்பர்கள் உதவிக்கு அழைக்கத் துணிவது உங்கள் நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. குடித்தது தெரிந்தால் விடுதியிலிருந்து நீக்குவோம் என்ற விதி இருக்கும்வரை, தாக்கப்பட்டவரும் பார்த்தவரும் வாய் திறக்க மாட்டார்கள்; தாக்கியவருக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை. நியூயார்க் மாநிலம் 2015இல், பாலியல் வன்முறையை நல்லெண்ணத்துடன் தெரிவிப்பவர்மீது மது தொடர்பான ஒழுங்கு நடவடிக்கை கூடாது என்று கல்லூரிகளுக்கு விதித்தது. கூட்டத்துக்கு முன்பே இத்தகைய ஓர் உறுதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள். அது கிடைக்காவிட்டால், உங்கள் பேச்சு எவ்வளவு நன்றாக அமைந்தாலும் யாரும் உங்களிடம் வரமாட்டார்கள்.

அப்படி ஒருவர் வந்தால், ஏன் குடித்தாய் என்பதும் எவ்வளவு குடித்தாய் என்பதும் உங்கள் கேள்விகளாக இருக்க வேண்டாம். நினைவு துண்டு துண்டாக இருப்பதைப் பொய்யின் அடையாளமாகக் கொள்ள வேண்டாம். அது ஏன் என்று மேலே சொல்லியிருக்கிறேன். நேரம்தான் முக்கியம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அவசரக் கருத்தடை ஐந்து நாள்கள்வரை இயலும் என்றாலும் விரைந்து எடுப்பதே பயன் தரும். மருந்து கலக்கப்பட்டிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால், சில பொருள்கள் ஏறத்தாழ 12 மணி நேரத்துக்குப் பிறகு சிறுநீரில் தென்படமாட்டா. குளிக்காமல், உடையை மாற்றாமல் மருத்துவமனைக்குச் சென்றால் தடயங்கள் கிடைக்கும். குளித்துவிட்டாலும் செல்லலாம், சிகிச்சை அதனால் தடைபடாது. புகார் தருவதா, வீட்டுக்குச் சொல்வதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். ஆனால் முதலாண்டு மாணவர்களில் 18 வயது நிறையாதவர்களும் இருப்பார்கள். அவர்களைப் பொறுத்தவரை பல நாடுகளில் தகவல் தெரிவிப்பது சட்டக் கடமை என்பதால், அந்த விதியை முன்கூட்டியே படித்து வைத்துக்கொண்டு, அவர்கள் பேசத் தொடங்குவதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.