பழைய ஜாஸ் தட்டுகள் கேள்வி-பதில்: டெட் வாக்ஸைப் படித்தீர்களா?

இந்தத் தடவை கடிதங்கள் நிறைய. பெரும்பாலானவற்றில் இருப்பது "இது ஒரிஜினலா?" என்ற ஒரே கேள்விதான், அதுவும் அட்டையின் முன்பக்கப் படம் ஒன்றை மட்டும் இணைத்து. எத்தனையோ முறை சொல்லியாயிற்று, அட்டை தட்டின் வயதைச் சொல்லாது. பாட்டு முடிந்த இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவில் மழமழவென்று ஒரு வளையம் இருக்கிறதே, அதுதான் டெட் வாக்ஸ், அதைச் சாய்ந்த வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள். சரி, கேள்விகளுக்குப் போகலாம்.

கேள்வி: ப்ளூ நோட் எல்பி ஒன்று வாங்கினேன். லேபிளில் '47 வெஸ்ட் 63' முகவரி இருக்கிறது. முதல் அச்சு என்று விற்றவர் சத்தியம் செய்கிறார். நம்பலாமா?

பதில்: பாதி நம்பலாம். ஜாஸ் கம்பெனியான ப்ளூ நோட் 1957 வாக்கில் லெக்சிங்டன் அவென்யூவிலிருந்து அந்த முகவரிக்கு மாறியது. 1959 கடைசியில் லேபிளில் 'இன்க்' என்ற சொல்லும், வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்தும் வந்து சேர்ந்தன. உங்கள் ஆல்பம் 1957-ல் வெளியானது, லேபிளில் இந்த இரண்டும் இருக்கின்றன என்றால் அது பிறகு அச்சடித்தது. பழைய லேபிள் தாள் கையிருப்பு தீரும்வரை ஒட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு பக்கம் ஒரு முகவரி, மறுபக்கம் இன்னொரு முகவரி என்று வருகிற தட்டுகள் உண்டு. அவை போலி அல்ல.

அப்புறம் டெட் வாக்ஸ். அதில் தேட வேண்டியவை இரண்டு குறிகள். முதலாவது 'ஆர்விஜி', அதாவது ரூடி வான் கெல்டர். பகலில் கண் பரிசோதகராக வேலை பார்த்துக்கொண்டு, நியூ ஜெர்சி ஹேக்கன்சாக்கில் பெற்றோர் வீட்டுக் கூடத்தில் ஒலிப்பதிவு செய்தவர். 1959-ல்தான் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் தனி ஸ்டூடியோ கட்டிக்கொண்டார். அவர் எழுத்து இருந்தால் மூலத் தட்டில் பாட்டின் பள்ளங்களை வெட்டியவர் அவர் என்று அர்த்தம். முதல் அச்சு என்று அர்த்தமில்லை, அதே உலோக அச்சிலிருந்து பின்னாளிலும் தட்டுகள் அடித்திருக்கிறார்கள். இரண்டாவது, காது மடல் போல வளைந்த ஒரு சின்னக் கீறல். அது பிளாஸ்டிலைட் ஆலையின் 'பி'. ப்ளூ நோட் 1966-ல் லிபர்ட்டி கம்பெனி கைக்குப் போனதும் அந்த ஆலைத் தொடர்பு அறுந்தது, காதும் மறைந்தது. லிபர்ட்டிக்காரர்கள் பழைய 'நியூயார்க் யுஎஸ்ஏ' லேபிள்களையும் ஒட்டித் தீர்த்தார்கள். எனவே லேபிள் பழையது, காது இல்லை என்றால் 1966-க்குப் பிந்தையது என்று எடுத்துக்கொள்ளலாம். டீப் க்ரூவ், அதாவது லேபிளில் ஆழமாகப் பதிந்த வட்டப் பள்ளம், இருக்கிறதே என்று துள்ளாதீர்கள். அது அச்சு இயந்திரத்தின் தடம், தனியாக எதையும் நிரூபிக்காது.

கேள்வி: 78 தட்டுகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அந்தப் பழைய தட்டில் இருப்பது அரக்கு. ஆல்கஹால் அதைக் கரைக்கும், பள்ளத்தோடு பாட்டும் போகும். காய்ச்சி வடித்த நீரும் ஒரு துளி மென்மையான சோப்பும் போதும். லேபிள் நனையக் கூடாது. வினைல் தட்டுகளில் கை பழகியவர்கள்தான் இந்தத் தவறைச் செய்கிறார்கள், இந்த எச்சரிக்கையை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் சொல்வேன்.

கேள்வி: எங்கள் தாத்தா காலத்து லூயி ஆம்ஸ்ட்ராங் ரெக்கார்ட் ஒன்று இருக்கிறது. ரொம்பப் பழசு. என்ன விலை போகும்?

பதில்: எந்த ரெக்கார்ட்? அரக்கா, வினைலா? எந்தக் கம்பெனி, என்ன எண்? 'ரொம்பப் பழசு' என்பதை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் சொல்ல முடியாது. ஆம்ஸ்ட்ராங் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஒலிப்பதிவு செய்தவர். அவருடைய தட்டுகளில் முக்கால்வாசி மலிவானவை.

ஆனாலும் எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். அவருடைய ஹாட் ஃபைவ் குழுவின் பதிவுகள் 1925 முதல் 1928 வரை ஓகே கம்பெனிக்காகச் சிகாகோவில் எடுத்தவை. கறுப்பின மக்களுக்கென்று தனியாக விற்ற 8000 வரிசையில் வந்தன. 1926 பிப்ரவரியில் பதிவான 'ஹீபி ஜீபீஸ்' பாட்டின் எண் ஓகே 8300. அதே பதிவுகளைக் கொலம்பியா 1940-ல் சிவப்பு லேபிளில், ஆல்பமாகக் கட்டி மறுபடி வெளியிட்டது. அப்போது யேல் பல்கலைக்கழக மாணவராக இருந்த ஜார்ஜ் அவாகியன்தான் அந்த வேலையைப் பார்த்தார். கிடங்கைக் கிளறியதில் அதுவரை வெளிவராத பதிவுகளும் அவர் கையில் சிக்கின. ஆக, உங்களுடையது சிவப்புக் கொலம்பியா என்றால் அது தாத்தா காலத்ததுதான், ஆனால் மறுவெளியீடு. கேட்பதற்கு அருமையாக இருக்கும், விலை போகாது.

இதில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். லேபிளில் பெரிதாக இருக்கும் கேட்டலாக் எண் ஒவ்வொரு மறுவெளியீட்டிலும் மாறும். பதிவு செய்யும்போதே கம்பெனி கொடுக்கும் அடையாள எண்ணான மேட்ரிக்ஸ் எண் அந்தப் பதிவோடு பிறந்தது, பெரும்பாலும் கூடவே வரும். மறுவெளியீட்டின் பூர்வீகத்தைத் தேடுகிறவர் முதலில் குறித்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

கேள்வி: 180 கிராம் தட்டு என்றால் ஒலி தரம் கூடுதலா?

பதில்: இல்லை. கனம்தான் கூடுதல்.

கேள்வி: ஐரோப்பாவில் அச்சிட்ட ஜாஸ் எல்பிக்கள் இணையக் கடைகளில் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறுக்குக் கிடைக்கின்றன. 'ரீமாஸ்டர்டு' என்று ஸ்டிக்கர் இருக்கிறது. ஒரிஜினல் டேப்பிலிருந்து செய்ததா?

பதில்: அந்த ஸ்டிக்கரை நம்பி வாங்கிவிட்டு எனக்கு எழுதுகிறவர்கள் மாதந்தோறும் இருக்கிறார்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒலிப்பதிவு உரிமை முன்பு 50 ஆண்டுகளாக இருந்தது. 2011-ல் அதை 70 ஆக்க முடிவு செய்தார்கள், 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் காலாவதியாகிவிட்ட உரிமைகளுக்கு மட்டும் உயிர் திரும்பவில்லை. அதாவது 1962 வரை வெளியான ஜாஸ் முழுவதையும் அங்கே யார் வேண்டுமானாலும் அச்சடித்து விற்கலாம். ஹார்ட் பாப் என்ற ஜாஸ் பாணியின் பொற்காலம் ஏறக்குறைய முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். சட்டப்படி இதில் தவறே இல்லை. ஆனால் மூலப் பதிவான மாஸ்டர் டேப் அமெரிக்கக் கம்பெனியின் கிடங்கில் இருக்கிறது, அதை இவர்களுக்கு யாரும் தரப்போவதில்லை. பிறகு எதிலிருந்து வெட்டுகிறார்கள்? பெரும்பாலும் சந்தையில் கிடைக்கும் சிடியிலிருந்துதான். சிடியிலிருந்து வெட்டிய எல்பியை வாங்குவதற்குப் பதில் அந்தச் சிடியையே வாங்கிவிடலாமே.

ஒலியைக்கூட மன்னித்துவிடுவேன். என் கோபமெல்லாம் அட்டையின் பின்பக்கத்தின் மேல். அப்படிப்பட்ட தட்டு ஒன்றை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். முன்பக்கம் பழைய புகைப்படம் போய், யாரோ தேடி எடுத்த வேறு படம். பின்பக்கம் பழைய முன்னுரை போய், பொதுவாக நாலு வரி வாழ்க்கைக் குறிப்பு. ஒலிப்பதிவு செய்த தேதி இல்லை, ஸ்டூடியோ இல்லை, பொறியாளர் பெயர் இல்லை. டிரம்ஸ் வாசித்தவர் பெயரும் இல்லை! ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் என்று திட்டமிட்ட ஆல்பத்தில் 'போனஸ்' என்று வேறொரு நாளில் வேறொரு குழுவோடு பதிவான பாடலைத் திணித்திருக்கிறார்கள். பக்கம் இருபத்தைந்து நிமிடத்தைத் தாண்டினால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், ஒலி அளவு இறங்கும், பாஸ் மெலியும். டெட் வாக்ஸில் ஆலையின் எண் மட்டும் இருக்கிறது, வெட்டியவர் கையெழுத்துக்கு இடமே இல்லை.

ஜாஸில் யார், என்று, யாரோடு வாசித்தார் என்பது இசையின் பாதி. அந்த விவரத்தை அழித்துவிட்டு விற்பது அந்தக் கலைஞர்களுக்குச் செய்யும் துரோகம். ஒரு பதிவுக்குச் சொற்பக் கூலி வாங்கிக்கொண்டு வாசித்துவிட்டுப் போனவருக்கு மிச்சமிருப்பது அட்டையில் உள்ள பெயர் ஒன்றுதான். அதையும் பறித்துக்கொள்வதா?

ஒழுங்காகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். மைக்கேல் கஸ்குனாவும் சார்லி லூரியும் தொடங்கிய மொசைக் கம்பெனி, பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்கின் ப்ளூ நோட் பதிவுகள் அனைத்தையும் 1983-ல் முதல் பெட்டியாகக் கொண்டுவந்தது. பதிவு வாரியாகத் தேதி, கலைஞர், மேட்ரிக்ஸ் எண் எல்லாம் கூட இருக்கும் புத்தகத்தில் கிடைக்கும். ப்ளூ நோட் 2019-ல் தொடங்கிய டோன் போயட் வரிசை ஒரிஜினல் டேப்பிலிருந்து கெவின் கிரே வெட்டியது, அதை வெளிப்படையாகவே சொல்கிறார்கள். டெட் வாக்ஸில் அவருடைய 'கேபிஜி' எழுத்தைப் பார்க்கலாம். பணம் குறைவு என்றால், 1980-களில் ஃபேன்டசி கம்பெனி வெளியிட்ட ஓஜேசி (ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ்) வரிசையைத் தேடுங்கள். பிரஸ்டீஜ், ரிவர்சைட், கண்டெம்பரரி தட்டுகள் பழைய அட்டையோடும் பழைய முன்னுரையோடும் வந்தவை. பழைய தட்டுக் கடைகளில் அவற்றை இன்னும் நியாய விலைக்குக் கொடுக்கிறார்கள்.

எதிலிருந்து வெட்டினோம் என்று அட்டை சொல்லவில்லை என்றால், சொல்லும்படியாக எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' பழைய தட்டோடு சேர்ந்து கீபோர்டு வாசித்தால் முதல் பக்கம் சுருதி சேரவில்லை. என் டர்ன்டேபிளில் கோளாறா?

பதில்: இல்லை. நல்ல காது உங்களுக்கு. 1959 மார்ச் 2 அன்று முதல் பக்கத்தின் மூன்று பாடல்களைப் பதிவு செய்த டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி தூக்கலாகத்தானே கேட்கும். கால் சுருதிக்கும் குறைவான வித்தியாசம், சும்மா கேட்கிறவருக்குத் தெரியாது. ஏப்ரல் 22-ல் பதிவான இரண்டாம் பக்கத்தில் இந்தக் குறை இல்லை. கூடவே ஓடிய பாதுகாப்பு டேப் சரியான வேகத்தில் இருந்ததால் 1992 மறுவெளியீட்டில் திருத்தினார்கள். கூட வாசிக்க வேண்டுமென்றால் அதற்குப் பிந்தியதை வாங்குங்கள். முதல் அச்சைத் தேடுகிறீர்கள் என்றால், கண் போன்ற சின்னம் ஆறு உள்ள 'ஆறு கண்' கொலம்பியா லேபிளையும், இரண்டாம் பக்கப் பாடல்கள் வரிசை மாறி அச்சானதையும், அட்டையில் சாக்ஸபோன் வாசித்த ஆடர்லியின் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போனதையும் பாருங்கள். அதிலும் டெட் வாக்ஸ் எண்ணைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: சார்லி பார்க்கரின் ஒரே பாட்டு இரண்டு சிடிக்களில் வேறு வேறு மாதிரி இருக்கிறது. எது ஒரிஜினல்?

பதில்: இரண்டும். டயல் கம்பெனிக்காக 1947 அக்டோபர் 28 அன்று 'எம்ப்ரேஸபிள் யூ'வை இரண்டு டேக், அதாவது இரண்டு தனித்தனிப் பதிவாக, வாசித்தார். ஏ, பி என்று மேட்ரிக்ஸ் எண்ணின் வாலில் இருக்கும். இரண்டிலும் சோலோ முற்றிலும் வேறு. 'ஏ' டேக்கில் மூலப் பாட்டின் மெட்டைத் தொடாமல், ஆறு ஸ்வரச் சிறு துணுக்கு ஒன்றைத் திருப்பித் திருப்பி வளர்த்துக்கொண்டே போகிறார். மறுவெளியீட்டாளர் எந்த டேக்கைப் போட்டார் என்று சொல்லாமல் விட்டால் உங்களைப் போலத்தான் எல்லோரும் குழம்புவார்கள். எந்த டேக் என்று சரிபார்க்க, 1942 வரைக்கும் பிரையன் ரஸ்டின் டிஸ்காகிரஃபியை (ஒலிப்பதிவுப் பட்டியல்), அதற்குப் பின் டாம் லார்டின் பட்டியலைப் பாருங்கள். டிஸ்காக்ஸ் இணையதளமும் உதவும், ஆனால் அதில் உள்ள விவரங்கள் உங்களையும் என்னையும் போன்றவர்கள் ஏற்றியவை, சரிபார்க்காமல் நம்ப வேண்டாம்.

கேள்வி: பார்க்கர், கில்லெஸ்பி இருவரின் 1942-43 தட்டுகள் எங்குமே அகப்படவில்லையே?

பதில்: இருந்தால்தானே அகப்படும், 1942 ஆகஸ்டுக்கு முன் பிறர் குழுக்களில் வாசித்த சிலவற்றைத் தவிர. அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் 1942 ஆகஸ்ட் 1 முதல் ஒலிப்பதிவை நிறுத்தியது. டெக்கா 1943-ல் உடன்பட்டது, விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பர் வரை இழுத்தடித்தன. போதாக்குறைக்குப் போர்க்காலத்தில் இந்தியாவிலிருந்து போக வேண்டிய அரக்குக்கும் தட்டுப்பாடு, பழைய தட்டுகளை அரைத்துப் புதியன அடித்தார்கள். இவர்கள் இருவரும் வளர்த்த பீபாப் பாணி உருவான ஆண்டுகள் ஏறக்குறைய ஊமையாகவே போய்விட்டன. ஜாஸ் வரலாற்றில் எனக்கு மிகப் பெரிய இழப்பாகத் தோன்றுவது இதுதான்.

கேள்வி: 'எலக்ட்ரானிக்கலி ரீசேனல்டு ஃபார் ஸ்டீரியோ' என்று அட்டையில் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வைத்துவிட்டு வாருங்கள். மோனோவைக் கெடுத்துச் செய்த பொய் ஸ்டீரியோ.

கேள்வி: கிங் ஆலிவர் 1923 பதிவுகளின் ஒரு சிடி இரைச்சலாகவும், இன்னொன்று சுத்தமாகவும் இருக்கிறது. சுத்தமானது நல்லதுதானே?

பதில்: பெரும்பாலும் இல்லை. அவற்றில் முதலில் வந்தவை இண்டியானா ரிச்மண்டில் ஜெனட் ஸ்டூடியோவில் பதிந்தவை, எல்லாமே மைக் இல்லாமல், புனலுக்கு முன் நின்று வாசித்தவை. டேப் என்ற ஒன்றே இல்லாத காலம். மறுவெளியீட்டுக்கு ஆதாரம் எங்கோ தப்பிப் பிழைத்த 78 தட்டுதான். இரைச்சலை முழுக்க வடிகட்டினால் டிரம்பெட் போன்ற கார்னெட்டின் கூர்மையும் சேர்ந்து போய்விடும், கம்பளிக்குப் பின்னாலிருந்து ஊதுவது போல் ஆகிவிடும். இங்கிலாந்தின் ஜான் ஆர்.டி. டேவிஸ் 78 தட்டுகளிலிருந்து எடுத்த மறுபதிவுகளைக் கேட்டுப் பாருங்கள். தட்டின் தேய்மானத்துக்கு ஏற்ப ஊசி அளவைத் தேர்ந்தெடுத்தார். வேகத்தையும் சுருதி பார்த்துச் சரிசெய்தார், ஏனென்றால் அந்தக் காலத் '78' பல நேரம் 78 சுற்றில் பதிந்ததில்லை. நீங்களே வீட்டில் போட்டுக் கேட்பதானால் எல்பி ஊசியை வைக்காதீர்கள். 78-க்கு ஏறக்குறைய மூன்று மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு), எல்பிக்கு ஒரு மில் அல்லது அதற்கும் குறைவு. சின்ன ஊசி பள்ளத்தின் அடியில் கிடக்கும் குப்பையைத்தான் வாசிக்கும்.

கேள்வி: காசு செலவழிக்காமல் ஆரம்பகால ஜாஸை முறையாகக் கேட்க வழி உண்டா?

பதில்: உண்டு. அமெரிக்காவின் 2018 சட்டப்படி 1922 வரையிலான பதிவுகள் 2022 ஜனவரியில் பொதுச் சொத்தாகின. 1923 பதிவுகள் 2024-ல், அதன் பிறகு ஆண்டுக்கு ஓராண்டாகத் திறந்துகொண்டே போகின்றன. முதல் ஜாஸ் தட்டு என்று சொல்லப்படும் ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்டின் 1917 விக்டர் 18255, மேலே சொன்ன ஆலிவர் பதிவுகள் எல்லாம் அதில் அடக்கம். லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் நேஷனல் ஜூக்பாக்ஸில் விக்டர் தட்டுகளைத் தேதி, மேட்ரிக்ஸ், டேக் எண்ணோடு கேட்கலாம். சாண்டா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டிஸ்காகிரஃபி தரவுத்தளத்தில் மற்ற கம்பெனிகளையும் தேடலாம். தேடும்போது பாட்டின் பெயரைவிட மேட்ரிக்ஸ் எண்ணைப் போடுங்கள், நேராக இடத்துக்கே கொண்டுபோய் விடும்.