குணசேகரன் போன பிறகு எதிர்நீச்சல்: கேள்வி பதில்

ஒரு காலத்தில் வானொலி நாடகம் எழுதியவன், இப்போது ஒன்பதரை மணி நாடகத்தை விடாமல் பார்க்கிறவன். அந்தத் தகுதியில்தான் சன் டிவியின் 'எதிர்நீச்சல்' தொடர் பாதி வழியில் எப்படி மாறியது என்று கேளுங்கள் என்றேன். கேள்விகள் மலை மாதிரி வந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் பதில் வராது. ஒரு வேண்டுகோள்: யூடியூப் தலைப்பைப் படித்துவிட்டு அதையே கேள்வியாக அனுப்பாதீர்கள்.

நோர்வூட்டிலிருந்து ஒரு தம்பி: நான் நடுவில்தான் பார்க்கத் தொடங்கினேன். ஆரம்பம் என்ன?

ஆரம்பத்தைப் பார்க்காதவர் நீங்கள் மட்டும் இல்லை. தொடர் தொடங்கியது 2022 பெப்ரவரி. அடுத்த மாதக் கடைசியில் இலங்கையில் நமக்கு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லை. முதல் இரண்டு மாதக் கதையைப் லயத்தில் பக்கத்துக் காம்பராவில், அதாவது அடுத்த வீட்டில், கேட்டுத் தெரிந்துகொண்டவர்களே அதிகம்.

மதுரையில் ஒரு பெரிய குடும்பம். ஆதி குணசேகரன் மூத்தவர், கீழே மூன்று தம்பிகள். படித்த பெண்களாகத் தேடிக் கட்டிக்கொண்டு வந்து அடுப்படியில் உட்கார வைப்பதுதான் அந்த வீட்டுப் பழக்கம். கடைசி மருமகள் ஜனனி வருகிறாள், மற்ற மூன்று மருமகள்களும் மெல்ல மெல்ல வாய் திறக்கிறார்கள். நடுவில் அப்பத்தாவின் 40 சதவீதச் சொத்துப் பங்கு. இவ்வளவு போதும், மீதியை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

கொட்டகலையிலிருந்து ஒரு அக்கா: குணசேகரனாக நடித்த மாரிமுத்து இறந்த பிறகு ஆளை மாற்றினார்கள், சரி. ஆனால் நாடகமே வேறு மாதிரி ஆகிவிட்டதே. என்ன செய்தார்கள்?

இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்தேன் அக்கா.

2023 செப்டம்பர் 8ஆம் திகதி, இதே தொடருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் மாரிமுத்துவுக்கு நெஞ்சுவலி வந்தது. அன்றே போய்விட்டார். அவர் நடித்த 'ஜெயிலர்' படம் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவர் வெறும் நடிகர் இல்லை. 'கண்ணும் கண்ணும்', 'புலிவால்' என்று இரண்டு படம் இயக்கியவர், பல இயக்குநர்களிடம் உதவியாளராக இருந்தவர். வசனத்தில் எங்கே நிறுத்த வேண்டும், எங்கே இழுக்க வேண்டும் என்று தெரிந்த மனிதர்.

குணசேகரன் பேசுவதை நினைத்துப் பாருங்கள். தேன் மாதிரித் தொடங்குவார். வாக்கியம் நீளும், சுற்றி வளைக்கும், கேட்கிறவருக்கு எங்கே போகிறார் என்று தெரியாது. கடைசியில் "ஏம்மா ஏய்" என்று ஒரு வெட்டு. அந்த நீண்ட பேச்சுக்கு நடுவில்தான் நந்தினி வாய்க்குள் முணுமுணுப்பாள், ரேணுகா கண்ணைச் சுழற்றுவாள், ஈஸ்வரி தலையைக் குனிவாள். ஆக, ஒரே ஆள் பேசுகிற காட்சியில் நான்கு பெண்களுக்கு நடிக்க இடம் கிடைத்தது. வானொலியில் ஒரு குரலை மனதில் வைத்துத்தான் வரி எழுதுவோம், மூச்சு எவ்வளவு பிடிக்கும் என்று பார்த்து. இங்கேயும் எழுத்து அந்தக் குரலின் மேல்தான் நின்றது என்பது என் கணிப்பு.

அந்தக் குரல் போனதும் முதலில் செய்தது, குணசேகரன் கடிதம் எழுதி வைத்துவிட்டு வீட்டை விட்டுப் போய்விட்டார் என்று கதையை நகர்த்தியது. யோசிக்க அவகாசம் வேண்டுமே. அப்புறம் ஒக்டோபரில் குணசேகரனாக வேல ராமமூர்த்தி வந்தார். அவர் எழுத்தாளர், முகத்திலேயே ஒரு கடுமை இருக்கிறவர். அவரிடம் மாரிமுத்துவின் நீளப் பேச்சைக் கொடுத்தால் போலி ஆகிவிடும். அதைச் செய்யவில்லை, அது புத்திசாலித்தனம். வசனம் குறுகியது, பார்வை கூடியது.

ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. முன்பு மிரட்டல் பேச்சிலேயே முடிந்துவிடும், அதனால் வீட்டுக்குள்ளேயே கதை ஓடும். பேச்சு குறைந்ததும் மிரட்டல் செயலுக்கு மாற வேண்டியதாயிற்று. குணசேகரனின் மகள் தர்ஷினியைக் கடத்தியது, கட்டாயக் கல்யாணம், போலீஸ், துரத்தல் எல்லாம் அதற்குப் பிறகு வந்து குவிந்ததைக் கவனித்திருப்பீர்கள். சமையலறையில் நடந்த நாடகம் தெருவுக்கு வந்துவிட்டது. நந்தினியின் முணுமுணுப்புக்கும் எதிரே ஆள் இல்லாமல் போனது. நீங்கள் "வேறு மாதிரி" என்று சொல்வது இதைத்தான்.

மாத்தளை: ஜனனியை ஏன் மாற்றினார்கள்?

முதல் பாகம் 2024 ஜூனில் முடிந்தது. அந்த டிசம்பரில் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' வந்தபோது ஜனனியாக நடித்த மதுமிதா அதில் இல்லை, பார்வதி வந்தார். மதுமிதா 2025 தொடக்கத்தில் விஜய் டிவியின் 'அய்யனார் துணை'க்குப் போனார். ஒரு நடிகை ஏன் விலகினார் என்று அவர் வாயால் சொல்லாததை நான் ஊகித்துச் சொல்வதில்லை.

லிந்துலை: மழை பெய்தால் சரியாக ஒன்பதரைக்கு சிக்னல் போகிறது, என்ன செய்ய?

டிஷ் பூட்டுகிற தம்பியைக் கூப்பிடுங்கள். மழை மேகம் அலைவரிசையை விழுங்கும், தட்டின் கோணம் கொஞ்சம் விலகியிருந்தால் இன்னும் மோசம். நான் கூரையில் ஏறுகிறவன் இல்லை.

பசறையிலிருந்து ஒரு ஆசிரியர்: ஆளை மாற்றாமல் பாத்திரத்தையே சாகடித்திருக்கலாமே? அதுதான் அந்த நடிகருக்கு மரியாதை.

நல்ல கேள்வி சேர். தமிழ்த் தொடர்களில் பழைய வழி ஒன்று உண்டு, திரையில் "இவருக்குப் பதில் இவர்" என்று ஒரு வரி போடுவது. பார்க்கிறவர்களும் ஒரு வாரம் முணுமுணுத்துவிட்டுப் பழகிவிடுவார்கள். 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' முல்லையாக நடித்த சித்ரா 2020 டிசம்பரில் இறந்தபோது காவ்யா அந்த இடத்துக்கு வந்தார், தொடர் 2023 வரை ஓடியது. ஆனால் முல்லை அந்தக் குடும்பத்தில் ஒருத்தி. குணசேகரன் இல்லாவிட்டால் அந்தக் குடும்பமே இல்லை. பெண்கள் யாரை எதிர்த்து நீந்துவார்கள்? தம்பி கதிரைத் தூக்கி அந்த நாற்காலியில் வைத்திருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். கதிருக்கு அண்ணனின் நிழல்தான் பலம், அண்ணன் இல்லாத கதிர் வெறும் கோபக்காரன்.

இந்தப் பதிலைப் போட்டதும் வாக்குவாதம் தொடங்கிவிட்டது. முக்கியமானதை மட்டும் எடுத்து வைக்கிறேன்.

மஸ்கெலியா அண்ணன் ஒருவர்: "மாரிமுத்து இருந்தவரை சிரித்துக்கொண்டே பார்த்தோம். பிறகு அந்தச் சந்தோஷமே போச்சு."

அதற்குக் கொட்டகலை அக்கா: "நீங்கள் சிரித்தீர்கள். எங்கள் லயத்தில் ஆம்பிளைகள் எல்லாம் பொண்டாட்டியைப் பார்த்து 'ஏம்மா ஏய்' என்றார்கள். காலையில் ஆறு மணிக்கு முன் ரொட்டி சுட்டு வைத்துவிட்டு, பகல் முழுக்கக் கொழுந்தெடுத்துவிட்டு வருகிறவளுக்கு அது பகிடியா? வேல ராமமூர்த்தி வந்த பிறகுதான் வில்லன் வில்லனாகத் தெரிந்தான். ஒருத்தனும் அவரைப் போலப் பேசிக் காட்டவில்லை."

மஸ்கெலியா: "நாடகத்தை நாடகமாகப் பாருங்கள் அக்கா."

பசறை ஆசிரியர்: "அக்கா சொல்வது சரி. பாடசாலைப் பையன்களே கூடப் படிக்கிற பிள்ளைகளிடம் அப்படிச் சொல்லித் திரிந்தார்கள்."

மஸ்கெலியா: "அப்படியென்றால் காமன் கூத்தில் சிவன் வேஷம் கட்டுகிறவனும் கெட்டவனா? மன்மதனை எரிக்கிறானே?"

கொட்டகலை: "அங்கே ரதி அழுவதைக் கேட்டு ஊரே அழும். இங்கே ஊரே எரித்தவன் பக்கம் நின்று சிரித்தது."

இதற்கு மேல் மஸ்கெலியா அண்ணன் அனுப்பியவற்றை நான் எடுத்துப் போடவில்லை, சூடு கூடிவிட்டது.

என் பக்கத்தைச் சொல்கிறேன். அக்கா சொன்னதில் பெரிய உண்மை இருக்கிறது. மாரிமுத்துவின் நகைச்சுவை அந்தப் பாத்திரத்தின் கொடுமைக்கு ஒரு சலுகை கொடுத்தது. ஆனால் அந்தச் சிரிப்புதான் ஆண்களையும் ஒன்பதரைக்கு உட்கார வைத்தது. உட்கார்ந்தவன் நந்தினி திருப்பிக் கொடுத்ததையும் சேர்த்துத்தான் கேட்டான். புதுக் குணசேகரன் வந்ததும் நியாயம் தெளிவானது, ஆனால் ஆண்கள் எழுந்து போய்விட்டார்கள். எங்கள் பக்கத்தில் நான் கண்டது அதுதான். எது மேல் என்று கேட்டால், ஒரு எழுத்துக்காரனாக எனக்கு முதல் குணசேகரன்தான். அக்கா கோபித்தாலும் பரவாயில்லை.

ஹாலிஎல: ஜனனி ஏன் மாறினார் அண்ணே?

மேலே மாத்தளைக்குச் சொல்லியிருக்கிறேன்.

டிக்கோயா: கதையை மாற்றச் சொல்லி நாம் எல்லோரும் சேர்ந்து எழுதினால் கேட்பார்களா? நம் மலையகத்தில் எத்தனை ஆயிரம் வீடு பார்க்கிறது!

கசப்பான பதில்தான். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்கிற டி.ஆர்.பி. கணக்கை எடுப்பது இந்தியாவில் 'பார்க்' என்கிற அமைப்பு. அவர்கள் கருவி வைத்திருப்பது இந்தியாவில் தேர்ந்தெடுத்த வீடுகளில். வாராவாரம் வருகிற அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் கதை இழுக்கிறது, முறிகிறது, திடீரென்று ஒரு கல்யாணம் நடக்கிறது. நம் லயத்து டிவி ஒன்றுகூட அதில் இல்லை. நாம் பார்த்தாலும் ஒன்று, பார்க்காவிட்டாலும் ஒன்று. விளம்பரக்காரருக்கும் நாம் ஆள் இல்லை, அவர் விற்கிற சோப்பு பல நேரம் நம் கடையில் கிடைப்பதும் இல்லை.

பண்டாரவளை: ஒரே ஆள்தானே எல்லாவற்றையும் முடிவு பண்ணுகிறார்? திருச்செல்வம் தானே எழுதுகிறாரா?

இயக்கம் திருச்செல்வம், வசனம் ஸ்ரீவித்யா. கதை எங்கே போக வேண்டும் என்பது வேறு வேலை, அந்த இடத்துக்குப் போகும்போது நந்தினி என்ன சொல்வாள் என்பது வேறு வேலை. பெண்கள் சமையலறையில் பேசுவது அவ்வளவு உயிராக இருந்ததற்கு யாரைப் பாராட்ட வேண்டும் என்று யோசித்தால் அந்தப் பெயரைச் சொல்லுங்கள். நம் ஆட்கள் இயக்குநர் பெயரோடு நிறுத்திவிடுகிறார்கள்.

திருச்செல்வம் இதற்கு முன் செய்த 'கோலங்கள்' 2003இல் தொடங்கி 2009 வரை, 1,500 பாகத்துக்கு மேல் ஓடியது. அதில் தொல்காப்பியனாக அவரே நடித்தார், இதில் ஜீவானந்தமாக வந்தார். கதை தடுமாறுகிற நேரத்தில் ஒரு நல்லவனை உள்ளே அனுப்புவது அவர் பழக்கம். எனக்கு அது பிடிக்காது. நான்கு பெண்கள் தாங்களாகவே வெளியே வருகிற கதையில், கை கொடுக்க ஓர் ஆண் எதற்கு?

நாவலப்பிட்டி: இதைவிட மோசமாகத் திசை மாறிய தொடர் உண்டா?

'சித்தி 2'. 2020 ஜனவரியில் தொடங்கியது, சில வாரத்தில் கொரோனா வந்து படப்பிடிப்பு நின்றது. திரும்பி வந்தபோது பொன்வண்ணன் இடத்தில் நிழல்கள் ரவி. 2021இல் சித்தியாக நடித்த ராதிகாவே விலகிவிட்டார். சித்தி இல்லாமல் 'சித்தி' என்ற பெயரோடு இளம் ஜோடியின் காதல் கதையாக அது ஓடியது. பெயர்ப் பலகையை மாற்றாமல் கடையை மாற்றியதுதான் அது.

தலவாக்கலை: அடுத்த வாரம் குணசேகரன் சாகிறாராமே, ப்ரோமோவில் காட்டினார்கள்!

ப்ரோமோ வேறு, கதை வேறு. இருபது நிமிடப் பாகத்திலிருந்து அரை நிமிடத்தை வெட்டி, ஒருவர் அழுவதை இன்னொருவர் விழுவதோடு ஒட்டுவார்கள். அப்புறம் யூடியூப்காரன் அதற்கு ஒரு தலைப்பு வைப்பான். தொடங்கும்போதே சொன்னேன்.

இராகலை: ஜனனி...

அடுத்த கேள்வி.

பதுளையிலிருந்து ஒரு தங்கச்சி: எனக்கும் தொடர் எழுத ஆசை. எங்கே தொடங்குவது?

சென்னைக்குப் போகத் தேவையில்லை. குணசேகரன் எல்லோரையும் கூடத்தில் நிற்க வைத்துப் பேசுகிற ஒரு பழைய பாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய வரிகளை எல்லாம் அடித்துவிடுங்கள். மீதி இருக்கிற நான்கு பெண்களின் வரியை மட்டும் வைத்து, அங்கே என்ன நடந்தது என்று படிக்கிறவருக்குப் புரிகிற மாதிரித் திரும்ப எழுதுங்கள். பெயரை மறைத்துவிட்டு அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள். யார் ரேணுகா, யார் நந்தினி என்று அவர் கண்டுபிடித்தால் உங்களுக்கு வசனம் வரும்.

அடுத்து மதுரையை விடுங்கள். பிரட்டுக்களத்தில் வேலை பிரிக்கிற நேரத்தில் நான்கு பெண்கள் நிற்கிறார்கள் என்று எழுதுங்கள். கங்காணி பேசட்டும், ஆனால் அவரைக் காட்டாதீர்கள். எழுதி முடித்ததும் அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.