ஜப்பான் பெயரில் சோழமண்டலத் துணி

தம்பி, நெதர்லாந்துக்கு வந்து இரண்டு மாதமே ஆன நிலையில், அருங்காட்சியகத்தில் கண்ட பூப்போட்ட தளர்வான அங்கிக்கு 'யாப்பொன்ஸே ரொக்', அதாவது ஜப்பானிய அங்கி, என்று பெயரிட்டுவிட்டு, துணி சோழமண்டலக் கரையில் செய்யப்பட்டது என்றும் எழுதியிருக்கிறார்களே, எது சரி என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் சரிதான், வந்த புதிதில் நானும் இதில் குழம்பியவன்.

டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியார் 1641 முதல் நாகசாக்கியின் தெஜிமா தீவில் இருந்துகொண்டு வணிகம் செய்தார்கள். எடோவுக்கு (இன்றைய டோக்கியோ) சென்று, ஜப்பானை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனுக்கு மரியாதை செலுத்தும்போது, உள்ளே திணிப்பு வைத்துத் தைத்த பட்டுக் கிமோனோக்கள் அவர்களுக்குப் பரிசாகக் கிடைத்தன. இந்த ஊர்க் குளிரை நீங்களே இப்போது பார்க்கிறீர்கள். வீட்டில் போர்த்திக்கொள்ள அந்த அங்கி வெகுவாகப் பிடித்துப்போக, பரிசாக வந்தவை போதாமல், கிடைத்த துணிகளில் அதே அமைப்பில் தைக்கத் தொடங்கினார்கள். டச்சு ஓவியர் வெர்மீர் 1668-இல் வரைந்த வானியலாளரும் 1669-இல் வரைந்த புவியியலாளரும் இத்தகைய அங்கியில்தான் இருக்கிறார்கள்.

அந்தத் துணிகளில்தான் நம் கரை வருகிறது. பழவேற்காட்டிலும், 1658-க்குப் பின் நாகப்பட்டினத்திலும் கம்பெனி காலூன்றியிருந்தது. படிகாரக் கரைசலால் பூவை வரைந்து சிவப்புச் சாயம் தரும் சாயவேரோடு கொதிக்கவைத்தால் வரைந்த இடம் மட்டும் சிவக்கும். நீலம் வேண்டுமென்றால் மற்ற இடங்களை மெழுகால் மூடிவிட்டு அவுரித் தொட்டியில் முக்குவார்கள். துவைத்தாலும் போகாத இந்தச் சாயம் அன்று ஐரோப்பியருக்குக் கைவராத வித்தை. அடுத்த முறை சற்றுக் குனிந்து பாருங்கள்: ஒரே கொடியின் கோடு ஓரிடத்தில் தடித்தும் மற்றோரிடத்தில் மெலிந்தும் ஓடும். அது கை இழுத்த கோடு.

இத்துணியை இங்கே 'சிட்ஸ்' என்கிறார்கள். நம் பாட்டிமார் சொன்ன சீட்டித் துணியேதான். ஆங்கிலேயரோ அந்த அங்கியை, இந்திய வணிகரைக் குறித்த சொல்லால், 'பனியன்' என்றார்கள். முழங்கால் தாண்டிய அங்கியின் பெயர் நம்மிடம் உள்சட்டைக்கு வந்து சேர்ந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

வடக்கே ஃப்ரீஸ்லாந்து மாகாணத்திலுள்ள ஹிண்டலோப்பன் என்ற ஊருக்கும் ஒருமுறை போய்வாருங்கள். அவ்வூர்ப் பெண்கள் அக்காலத்தில் உடுத்திய 'வென்ட்கெ' என்ற நீண்ட மேலங்கியும் சிட்ஸில் தைத்ததுதான். மகிழ்ச்சிக்குச் சிவப்பு, துக்கத்துக்கு நீலம். வெளிச்சம் பட்டால் சாயம் வெளுக்கும் என்பதால் இத்தகைய துணிகளை எப்போதும் காட்சிக்கு வைப்பதில்லை. இப்போது காட்சியில் இருக்கிறதா என்று ரயில் ஏறுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.