சும்மா உட்கார்ந்திருந்த டீச்சர்

அன்புள்ள அக்கா,

வணக்கம். திருச்சியிலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு ஆறு வயது. மூன்றரை வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி இரண்டும் போய்க்கொண்டிருக்கின்றன. இப்போது யு.கே.ஜி. முடித்து ஒன்றாம் வகுப்புக்குப் போக வேண்டும். வகுப்பில் பிள்ளையோடு கூடவே இருந்து உதவும் ஷேடோ டீச்சரை நாங்களே பார்த்து, சம்பளமும் நாங்களே கொடுத்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். போன வருடம் ஒருவரை வைத்திருந்தோம். சின்னப் பெண். பாதி நேரம் பின் பெஞ்சில் போய்ச் சும்மா உட்கார்ந்துவிடுகிறார் என்று கிளாஸ் மிஸ் புகார் சொன்னார். நோட்டும் பாதி காலியாகவே வந்தது. மூன்றாம் மாதம் நிறுத்திவிட்டோம். அடுத்து வந்தவர் நல்ல சுறுசுறுப்பு. நோட்டெல்லாம் முடித்து அனுப்புவார். அவருக்குக் கல்யாணமாகிப் போய்விட்டார்.

என் மனைவி இதற்காகவே வேலையை விட்டுவிட்டார். எல்லாம் அவர்தான் பார்த்துக்கொள்கிறார். கோதுமை, பால் இரண்டையும் நிறுத்தியிருக்கிறோம். மற்ற பெற்றோரிடம் விஷயத்தைச் சொல்வதா வேண்டாமா என்றும் குழப்பமாக இருக்கிறது.

நல்ல ஷேடோ டீச்சரை எப்படிக் கண்டுபிடிப்பது? என்ன சம்பளம் கொடுக்கலாம்? உங்கள் கட்டுரை ஒன்றில் ஆட்டிசம் உள்ள தங்கை மகனைப் பற்றி ஒரு வரி வந்தது. அந்த உரிமையில் கேட்கிறேன்.

கே.

*

அன்புள்ள கே.,

இந்த மாதிரிக் கடிதங்களுக்கு நான் வழக்கமாகத் தனியாகத்தான் பதில் எழுதுவேன். உங்களுடையது வந்த அன்றைக்கு மதுரையில் தங்கை வீட்டுப் பரணை ஒழித்துக்கொண்டிருந்தோம். ஒரு அரிசிச் சாக்கில் அவள் மகனுடைய இரண்டாம் வகுப்பு நோட்டுகள் கிடைத்தன. பழுப்பு அட்டை, லேபிள், எல்லாம் அப்படியே இருந்தன. ஒன்றை எடுத்துப் புரட்டினேன். குண்டு குண்டாக, முத்துக் கோத்த மாதிரிக் கையெழுத்து. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் டிக், 'வெரி குட்'. ஒரு எழுத்துகூட அவன் எழுதியதில்லை. எல்லாம் அவனுடைய ஷேடோ டீச்சர் எழுதியது. கிளாஸ் மிஸ் வருடம் முழுக்க அந்தப் பெண்ணுக்குத்தான் வெரி குட் போட்டிருக்கிறார். கடைசி அட்டையின் உட்பக்கத்தில் மட்டும் கோணலும் மாணலுமாகப் பென்சிலில் டவுன் பஸ் நம்பர்கள். அது அவன்.

சாக்கின் மேலேயே உட்கார்ந்து போனைத் திறந்தால் உங்கள் கடிதம். 'சுறுசுறுப்பு, நோட்டெல்லாம் முடித்து அனுப்புவார்.'

கோபம் வந்தது. உங்கள் மேல் பாதி, எங்கள் வீட்டின் மேல் பாதி.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். கோதுமை, பால்: குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் கேட்காதீர்கள். ஆறு வயதுப் பிள்ளையின் தட்டிலிருந்து தயிர்சாதத்தைப் பிடுங்குவதற்கு ஒருவரும் எனக்கு இதுவரை உருப்படியான காரணம் சொன்னதில்லை. மற்ற பெற்றோரிடம் சொல்வதா என்றால், அவர்களுடைய பிள்ளைகளுக்கு எப்போதோ தெரியும். 'என் மனைவிதான் எல்லாம் பார்த்துக்கொள்கிறார்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை உங்கள் மனைவியிடம் வாசித்துக் காட்டினீர்களா? கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். மகனுக்கு எது பிடிக்கும், எதைக் கண்டால் காதைப் பொத்திக்கொள்வான் என்று ஒரு வார்த்தை இல்லை. உங்களுக்குத் தெரியாது என்று சொல்லவில்லை. எழுதத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அதையும் யோசியுங்கள்.

அடுத்து பள்ளி போட்ட நிபந்தனை. 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, அரசு நிதி வாங்கும் பள்ளிகளோடு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளையும் சேர்த்தே பேசுகிறது: பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும், பிள்ளைக்குத் தேவையான வசதியைச் செய்து தர வேண்டும். 'நீங்களே ஆள் கொண்டுவந்தால் சேர்ப்போம்' என்பது அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. ஷேடோ டீச்சர் என்ற சொல்லே அதில் கிடையாது. தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று, உச்ச நீதிமன்றத்தின் 2021 தீர்ப்புக்குப் பிறகு, மத்திய அரசு 2022-இல் கணக்கும் அறிவித்துவிட்டது. உங்கள் பள்ளியில் எத்தனை சிறப்பாசிரியர்கள் என்று கேளுங்கள். நிபந்தனையை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுதித் தர மாட்டார்கள், ஆனால் அதற்கப்புறம் பேசுகிற தொனி மாறும். அதற்கும் அசையவில்லை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு மனுப் போடலாம். நாங்கள் அலைந்தபோது இந்தச் சட்டம் இல்லை. அப்போது இருந்தது 1995-ஆம் வருடச் சட்டம். அதில் ஏழு வகைக் குறைபாடுகள்தான், ஆட்டிசம் அதில் சேரவில்லை. மனவளர்ச்சி குன்றியவன் என்று எழுதித்தான் சான்றிதழ் வாங்கினோம். அந்தத் தாளைக் கையில் வாங்கிய அன்று தங்கை சாப்பிடவில்லை.

சரி, நோட்டுக்கு வருகிறேன்.

2012-இல் அவன் இரண்டாம் வகுப்பு. ஷேடோ டீச்சராக வந்தவர் திருப்பரங்குன்றம் பக்கம், பி.ஏ. முடித்த பெண், இருபத்திரண்டு வயது இருக்கும். தங்கமான பெண். அவளுடைய அக்கா கல்யாணத்துக்கு ஒரு வாரம் லீவு கேட்டாள். 'ஆள் இல்லாட்டி பையனை அனுப்பாதீங்க' என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். தங்கைக்கு டைபாய்டு, மச்சான் வெளியூர். இரண்டு நாள் கேஷுவல் லீவு போட்டுவிட்டு நான் போனேன். நாற்பத்தேழு வயதில், முழங்கால் நெஞ்சில் முட்ட, இரண்டாம் வகுப்பு பெஞ்சில், அவன் பக்கத்தில்.

முதல் பீரியட் அட்டெண்டன்ஸ். மிஸ் பெயர் கூப்பிட மாட்டார், நம்பர்தான். சிக்ஸ்டீன், பிரசன்ட் மிஸ். செவன்டீன். சத்தமில்லை. மிஸ் நிமிர்ந்து அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "நீங்கதாம்மா சொல்லணும்." நானும் ஒரு மடச்சி, "பிரசன்ட் மிஸ்" என்றேன். வகுப்பே சிரித்தது.

அன்று முழுக்க அதே கதைதான். எனக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் ஒரு பையன். அந்தப் பையன் என்னிடம் கேட்கிறான்: "பெரியம்மா, இவன் ரப்பர் தருவானா?" ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறான் இவன், இவனிடமே கேட்க வேண்டியதுதானே? தோன்றாது. ஒரு பெரிய உடம்பு நடுவில் உட்கார்ந்திருந்தால் பிள்ளைகள் அதைச் சுற்றித்தான் போகும். மிஸ்ஸும் அப்படித்தான். கரும்பலகையில் கணக்கைப் போட்டுவிட்டு, "அவனுக்குச் சொல்லிக் குடுத்திருங்க" என்று என்னிடம் சொன்னார். நாற்பது பிள்ளைகளுக்கு அவர் டீச்சர். நாற்பத்தொன்றாவதுக்கு, படிப்பும் பயிற்சியும் இல்லாத நான். மத்தியானம் டாய்லெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனபோதுதான் தெரிந்தது, ஏழு வயது ஆண் பிள்ளை வருடம் முழுக்கப் பெண் பிள்ளைகளுடைய டாய்லெட்டுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறான். அந்தப் பெண்ணால் ஆண்கள் பக்கம் போக முடியாதல்லவா.

நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை இது. அமெரிக்காவில் வெர்மான்ட் பல்கலைக்கழகத்து மைக்கேல் ஜியான்கிரெகோவும் அவரோடு வேலை பார்த்தவர்களும் இப்படி வகுப்பு வகுப்பாகப் போய் உட்கார்ந்து பார்த்து, 1997-இல் ஆய்வாக எழுதினார்கள். ஆள் ஒட்டியே இருந்தால் வகுப்பாசிரியர் பிள்ளையைக் கைகழுவிவிடுகிறார், சக பிள்ளைகள் விலகிப் போகிறார்கள், பிள்ளை பெரியவர்களையே பார்த்துக்கொண்டிருக்கப் பழகுகிறது என்று எழுதியவர்கள், இந்த டாய்லெட் விஷயத்தையும் விடாமல் எழுதியிருந்தார்கள். பல வருடம் கழித்து அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு போய்விட்டது.

இரண்டாம் நாள் நான் அவன் பக்கத்தில் உட்காரவில்லை. முழங்கால் வலி என்று சொல்லி, கடைசி பெஞ்சுக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டேன். பொய்யும் இல்லை. அட்டெண்டன்ஸ். சிக்ஸ்டீன், பிரசன்ட் மிஸ். செவன்டீன். நான் வாயைத் திறக்கவில்லை. மிஸ் என்னைப் பார்த்தார், நான் சன்னலைப் பார்த்தேன். "செவன்டீன்!" மறுபடியும். ரப்பர் கேட்ட பையன் முழங்கையால் இவனை இடித்தான். "டேய், உன்னத்தான்டா."

"செவன்டீன்" என்றான் இவன்.

சொன்னதைத் திருப்பிச் சொல்வது அவன் வழக்கம். தெரபியில் அதற்கு ஒரு பெயர் உண்டு. எனக்கு அன்றைக்கு அந்தப் பெயரெல்லாம் வேண்டியிருக்கவில்லை. மிஸ் ஒரு நொடி பேனாவைப் பிடித்தபடியே இருந்தார். முதல் தடவையாக அவனைப் பார்த்தார். பிறகு குறித்துக்கொண்டார்.

அற்புதம் எதுவும் நடந்ததாக நினைத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்குக் கணக்கில் ஒன்றும் போடவில்லை. தமிழ் பீரியடில் பாட்டில் மூடியைச் சுற்றிக்கொண்டே இருந்தான். ஒரு தடவை பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான். எழுந்து போகத் துடித்தேன். ரப்பர் பையன் குனிந்து அவனிடம் என்னவோ சொன்னான். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேரும் மூடியை மாற்றி மாற்றிச் சுற்றினார்கள். நோட்டு காலி.

கல்யாணம் முடிந்து அந்தப் பெண் திரும்பி வந்ததும் நடந்ததைச் சொன்னேன். "நீ கொஞ்சம் பின்னாடி உக்காரேம்மா" என்றேன். அவள் சொன்ன பதிலை இத்தனை வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். "நான் சும்மா உக்காந்திருந்தா, எதுக்குச் சம்பளம்னு கேப்பாங்களே அக்கா."

கேட்டிருப்போம். எங்கள் மச்சானே கேட்டிருப்பார். சாயங்காலம் பையைத் திறந்து நோட்டைத்தானே முதலில் பார்ப்போம்? காலிப் பக்கம் இருந்தால் காசு வீண். நிறைந்திருந்தால் பிள்ளை படிக்கிறான். அதற்காகத்தான் அவள் எழுதினாள். கிளாஸ் மிஸ்ஸுக்கும் நோட்டு நிறைந்திருந்தால் ஹெச்.எம்.மிடம் பதில் சொல்லும் வேலை மிச்சம். நான்கு பெரியவர்கள் சேர்ந்து ஒரு பிள்ளையின் நோட்டை நிரப்பினோம்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வாருங்கள் தம்பி. மூன்றாம் மாதம் நிறுத்தினீர்களே, பின் பெஞ்சில் போய்ச் சும்மா உட்கார்ந்த பெண், அவளை யார் என்ன என்று விசாரித்தீர்களா? எப்போது எழுந்து பின்னால் போனாள், எப்போது முன்னால் வந்தாள் என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா? சோம்பேறியாகவே இருக்கலாம். போனை நோண்டிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் அந்த வேலையைத் தெரிந்து செய்கிறவர்களும் வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரிவார்கள். கையைப் பிடித்து எழுத வைத்த இடத்தில் அடுத்த மாதம் விரலால் காட்டுவார்கள். அதற்கடுத்த மாதம் கண்ணால். கேள்வி கேட்டால் பத்து எண்ணும் வரை வாயைத் திறக்க மாட்டார்கள், பிள்ளைக்கு அந்த நேரம் வேண்டும். மிஸ் உங்கள் மகனிடம் வந்து உட்காருவதற்காக, இவர்கள் போய் மற்ற பிள்ளைகளுடைய நோட்டைத் திருத்துவார்கள். அந்தப் பாதி காலி நோட்டு வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். நிறைந்திருக்கிற பாதி யார் கையெழுத்து? உங்கள் மகனுடையது என்றால் நீங்கள் அனுப்பியது நல்ல டீச்சரை. போன் நம்பர் இருக்கும்தானே? கூப்பிடுங்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டு, திரும்ப வரச் சொல்லிக் கேளுங்கள்.

பள்ளி வாசலைத் தாண்டி ரோட்டுக்கு ஓடுகிற பிள்ளை, தன்னையே அடித்துக்கொள்கிற பிள்ளை, அவர்களுக்கு ஆள் ஒட்டியேதான் இருக்க வேண்டும். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. உங்கள் மகன் அப்படி என்றால் நான் எழுதியதில் பாதியைத் தள்ளிவிடுங்கள். எப்படி என்று நீங்கள்தான் எழுதவில்லையே.

அதனால் ஆள் தேடும் முன் ஒன்று செய்யுங்கள். லீவு போடுங்கள். வீட்டிலிருந்து லேப்டாப்பில் பார்த்துக்கொள்ளும் லீவு வேண்டாம், நிஜ லீவு. இரண்டு நாள் அந்த வகுப்பில் போய் உட்காருங்கள். உங்கள் மனைவி போக வேண்டாம், நீங்கள். பள்ளியில் முணுமுணுப்பார்கள். ஆள் கொண்டுவா என்றவர்கள்தானே, ஆளாக வந்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். அதற்கப்புறம் உங்களுக்கு எப்படிப்பட்டவர் வேண்டும் என்று என்னிடம் கேட்க மாட்டீர்கள்.

சம்பளம் கேட்டிருந்தீர்கள். திருச்சியில் இப்போது என்ன போகிறதோ, தெரபி சென்டரில் விசாரியுங்கள். நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: ஏப்ரல் பாதியில் பள்ளியை மூடினாலும் மே மாதச் சம்பளத்தையும் சேர்த்துக் கொடுங்கள். நாங்கள் கொடுக்கவில்லை. ஸ்கூல் இல்லாத மாதத்துக்கு எதற்கு என்று மச்சான் கேட்டார், நானும் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். ஜூனில் அந்தப் பெண் வரவில்லை. ஜவுளிக்கடையில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம்.

அன்புடன்,
அக்கா