இருபது வருஷம் கழித்து அதே சிவப்பு டிரவுசர்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ஏதோ ஒரு பதிலுக்கு நடுவே "நாற்பத்தைந்து வயதில் உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆன ஜார்ஜ் ஃபோர்மன்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன் (ஹெவிவெயிட் என்றால் அதிக எடைக்காரர்கள் மோதும் பிரிவு). அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் கேள்வி அனுப்புவீர்கள் என்று நினைக்கவில்லை. சரி, இந்த வாரம் முழுக்கக் குத்துச்சண்டைதான். சமையல் சந்தேகம் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும் (ஒரே ஒரு அடுப்படி விஷயம் மட்டும் கீழே உண்டு).

கே: எனக்குத் தெரிந்த பாக்ஸர்கள் முகமது அலியும் மைக் டைசனும்தான். யார் இந்த ஃபோர்மன்? அவ்வளவு பெரிய ஆளா? (திண்டுக்கல் வாசகி)

ப: பெரிய ஆள்தான், உருவத்திலும். 1949இல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் பிறந்து, ஹூஸ்டன் நகரத்தில் ஐந்தாம் வார்டு என்ற ஏழைப் பேட்டையில் வளர்ந்தவர். பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போக வீட்டில் சாப்பாடு இருக்காது. காலிக் காகிதப் பையை ஊதி, உள்ளே ஏதோ இருப்பது போலக் காட்டிக்கொண்டு போவேன் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். படிப்பைப் பாதியில் விட்டு, அடிதடி, வழிப்பறி என்று சுற்றினார். ஒரு ராத்திரி போலீஸ் துரத்த, ஒரு வீட்டின் அடியில் புகுந்து, நாய் மோப்பம் பிடிக்காமல் இருக்க உடம்பெல்லாம் சேற்றைப் பூசிக்கொண்டு படுத்துக் கிடந்தாராம். அப்போதுதான் 'நாம் திருடனாகிவிட்டோம்' என்பது உறைத்ததாகச் சொல்வார்.

அப்புறம் ஏழை இளைஞர்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுக்கும் 'ஜாப் கோர்' என்ற அரசுத் திட்டத்தில் சேர்ந்தார். அங்கேயும் சண்டை. அங்கே இருந்த டாக் பிராடஸ் என்பவர்தான், கை இவ்வளவு அரிக்கிறதென்றால் ரிங்குக்கு வா என்று அழைத்துப்போனார். கிளவுஸ் மாட்டி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் தங்கம். 1969இல் தொழில்முறைக்கு வந்தார். 1973 ஜனவரியில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில், அதுவரை யாரிடமும் தோற்காத சாம்பியன் ஜோ ஃப்ரேஸியரை இரண்டே ரவுண்டில் ஆறு தடவை கீழே தள்ளி, உலக சாம்பியன் ஆனார். அதில் ஒரு குத்துக்கு ஃப்ரேஸியரின் இரண்டு காலும் தரையை விட்டுக் கிளம்பிவிட்டன. அலியைத் தோற்கடித்த ஆள் அந்த ஃப்ரேஸியர் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு அடுத்த பதிலுக்கு வாருங்கள்.

கே: 1980இல் அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி ஆடியதை நேரில் பார்த்தவர் எங்கள் தாத்தா. ஃபோர்மனெல்லாம் அலி முன்னால் தூசு என்பார். ஃபோர்மன் தோற்றது அலியின் தந்திரத்தாலா, இல்லை இவருக்கே மூச்சு தீர்ந்ததாலா? (வியாசர்பாடி வாசகர்)

ப: தாத்தாவிடம் சண்டைக்குப் போக எனக்குத் தெம்பில்லை. ஆனால் 1974 அக்டோபர் 30ஆம் தேதி விடியற்காலை, ஆப்பிரிக்காவில் ஸயர் (இன்றைய காங்கோ) நாட்டின் கின்ஷாஸாவில் அந்த மணி அடிக்கும்வரை ஃபோர்மனைத் தூசு என்று யாரும் சொல்லவில்லை. அலி உயிரோடு இறங்கி வருவாரா என்றுதான் அவருடைய ஆட்களே பயந்தார்கள். ஃபோர்மன் அதுவரை ஆடிய 40 போட்டியிலும் ஜெயித்தவர், அதில் 37 நாக்அவுட், அதாவது எதிராளியால் மேற்கொண்டு ஆட முடியாதபடி அடித்து முடித்தவை. வயது 25. அலிக்கு 32. ஆளுக்கு 50 லட்சம் டாலர், கொடுத்தது சர்வாதிகாரி மொபுட்டுவின் அரசு.

ஊர் ஜனம் முழுக்க அலி பக்கம். ஃபோர்மன் செய்த வேலையும் அப்படி: கூடவே ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் நாயைக் கூட்டிக்கொண்டு விமானத்தை விட்டு இறங்கினார். பெல்ஜியக்காரன் ஆண்ட காலத்தில் போலீஸ் ஏவிய நாயை மறக்காத ஜனங்கள், பார்த்ததும் முகம் சுளித்துவிட்டார்கள். அந்த நாளில் அவர் யாரிடமும் சிரித்துப் பேசவும் மாட்டார். ஆரம்பத்தில் முன்னாள் சாம்பியன் ஸோனி லிஸ்டனோடு பயிற்சி செய்தவர், அவரிடமிருந்து ஜாபையும் (முன் கையால் நேராக விடும் குத்து) கற்றுக்கொண்டார், அந்த முறைப்பையும் கற்றுக்கொண்டார்.

தந்திரமா மூச்சா என்று கேட்டீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. முதல் ரவுண்டில் வலது கையால் நேராகவே குத்திப் பார்த்த அலி, இரண்டாவதிலிருந்து கயிற்றில் சாய்ந்துகொண்டு கையால் முகத்தை மூடி 'அடி' என்று விட்டுவிட்டார். ஃபோர்மன் அடித்தார். விலா, தோள், முழங்கை, எங்கே இடம் கிடைத்ததோ அங்கெல்லாம். அடி வாங்கிக்கொண்டே அலி காதருகே கேலி பேசிக்கொண்டிருந்தார். ஐந்தாவது ரவுண்டு தாண்டியதும் ஃபோர்மனின் குத்துகளைப் பாருங்கள், சேற்றில் கை விட்டு எடுப்பது போல இருக்கும். இரண்டு மூன்று ரவுண்டில் ஆளை முடித்தே பழகியவருக்கு, முடியாவிட்டால் என்ன செய்வது என்று தெரியவில்லை. எட்டாவது ரவுண்டின் கடைசி நொடிகளில் அலி கயிற்றை விட்டு வெளியே வந்து நாலைந்து குத்து விட்டார், அவ்வளவுதான். ஃபோர்மன் பம்பரம் ஓய்வது மாதிரிச் சுற்றி விழுந்தார். விழுந்துகொண்டிருந்தவர் மேல் இன்னொரு குத்து விட அலி கையை ஓங்கி, விடாமலே நிறுத்திக்கொண்டார்; தாத்தாவிடம் அதையும் கேட்டுப் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வந்தாலும் வரும்.

தோற்றதற்கு ஃபோர்மன் சொல்லாத சாக்கு இல்லை. கயிறு தொளதொளவென்று இருந்தது, தண்ணீரில் எதையோ கலந்துவிட்டார்கள் என்றெல்லாம் வருஷக்கணக்கில் சொன்னார். வயதான பிறகு அதையெல்லாம் விட்டுவிட்டு அலிக்கு நெருங்கிய நண்பராகிவிட்டார்.

கே: இருபத்தெட்டு வயதிலேயே ரிங்கை விட்டாராமே, அடி பயமா? (சேலம் வாசகர்)

ப: இல்லை. 1977 மார்ச்சில் புயர்ட்டோ ரிக்கோவில், நல்ல வெக்கையில், ஜிம்மி யங் என்பவரிடம் பாயின்டில் (நடுவர்கள் போடும் மதிப்பெண்ணில்) தோற்று உடை மாற்றும் அறைக்கு வந்தவருக்கு, தான் செத்துக்கொண்டிருப்பதாகத் தோன்றியது; கையிலும் நெற்றியிலும் ரத்தம் வருகிறது, கடவுள் பேசுகிறார் என்று கூச்சல் போட்டார். வெயிலில் உடம்பு சுண்டிப்போனதால் வந்த பிதற்றல் என்பார்கள் மற்றவர்கள். அவருக்கு அது கடவுள்தான், கடைசிவரை. ஹூஸ்டனில் தெருமுனையில் நின்று பிரசங்கம் செய்தார், சிறிய சர்ச் ஒன்றை நடத்தினார், பத்து வருஷம் யாரையும் குத்தவில்லை.

கே: நாற்பத்தைந்து வயதுக்காரர் இருபத்தாறு வயது சாம்பியனை நாக்அவுட் செய்தார் என்கிறீர்கள். கேட்கிறவன் கேனையனா? முன்பே பேசிவைத்த ஆட்டமாகத்தானே இருக்கும்? (தஞ்சாவூர் வாசகர்)

ப: உங்கள் சந்தேகத்தில் பாதி நியாயம் இருக்கிறது, அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். பேட்டைப் பையன்களுக்காக அவர் தொடங்கிய இளைஞர் மையத்துக்குப் பணம் தேவைப்பட்டு, ஊர் ஊராகக் கையேந்த மனமில்லாமல், 1987இல் 38 வயதில் திரும்பி வந்தார். அப்போது எடை 121 கிலோ. வயிறு தொங்க, மொட்டைத் தலையோடு வந்த மனிதரைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். முதல் இரண்டு மூன்று வருஷம் அவருக்கு எதிரே நிறுத்தப்பட்டவர்களில் பலர், நிற்கவே காசு வாங்குகிற ரகம். அதைக் கேலி செய்தால் ஃபோர்மனே கூடச் சேர்ந்து சிரிப்பார். முறைப்பெல்லாம் போய், பேட்டி எடுக்க வந்தவர்களிடம் பர்கர் பற்றிப் பேசுகிற மனிதராகிவிட்டிருந்தார்.

ஆனால் 1991இல் அப்போதைய சாம்பியன் இவாண்டர் ஹோலிஃபீல்டிடம் 42 வயதில் 12 ரவுண்டும் நின்று பாயின்டில்தான் தோற்றார். ரவுண்டுக்கு இடையில் ஸ்டூலில்கூட உட்காரவில்லை, நின்றபடியே ஓய்வெடுத்தார். கின்ஷாஸாவில் எட்டு ரவுண்டில் காலியானவர், பதினேழு வருஷம் கிழவரான பிறகு பன்னிரண்டு ரவுண்டு தாங்குகிறார் என்றால், நடுவில் எதையோ கற்றுக்கொண்டிருக்கிறார் என்றுதானே அர்த்தம்? வீணாக ஒரு குத்து விடுவதில்லை. கையைக் குறுக்கே கட்டினாற்போல முன்னால் வைத்துக்கொண்டு, ஜாபால் தட்டித் தட்டி, மெதுவாக நடந்து வருவார்.

இப்போது 1994 நவம்பர் 5, லாஸ் வேகஸ். எதிரே மைக்கேல் மூரர், தோல்வியே காணாதவர், இடதுகைக்காரர். வயதானவருக்கு டைட்டில் போட்டியா என்று இழுத்தடித்த அமைப்போடு கோர்ட்டுக்குப் போய்த்தான் ஃபோர்மன் இந்த வாய்ப்பை வாங்கியிருந்தார். அணிந்திருந்தது கின்ஷாஸாவில் போட்டிருந்த அதே சிவப்பு டிரவுசர். கார்னரில் (ரவுண்டுக்கு நடுவே யோசனை சொல்ல ரிங்கின் மூலையில்) நின்றவர் ஆஞ்சலோ டண்டீ, அதாவது அன்றைக்கு அலியின் கார்னரில் நின்ற அதே மனிதர். சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்.

ஒன்பது ரவுண்டு முடிய மூரர்தான் முன்னால். மதிப்பெண் போடும் நடுவர்களில் இரண்டு பேர் 88–83 என்றும், ஒருவர் 86–85 என்றும் போட்டிருந்தார்கள். ஃபோர்மனின் இடது கண்ணோரம் வீங்கிவிட்டது. மூரரின் பயிற்சியாளர் டெடி அட்லஸ், எதிரே நிற்காமல் நகரச் சொல்லித் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். மூரரோ, ஜெயிக்கிற தெம்பில், கிழவருக்கு நேர் எதிரே நின்று பாயின்ட் சேர்த்துக்கொண்டிருந்தார். பத்தாவது ரவுண்டில் ஒரு ஜாப், வலது கை. மறுபடி ஒரு ஜாப், மறுபடி வலது கை. அந்த இரண்டாவது வலது குத்து ஒரு முழம்கூடப் பயணம் செய்திருக்காது. ஓங்காமல், சும்மா இறக்கினார். தாடையில் பட்டது. மூரர் மல்லாந்து விழுந்தார், உதடு கிழிந்து ரத்தம். ரிங்குக்குள் இருந்த நடுவர் பத்து எண்ணி முடிக்கும்போது எழ முடியவில்லை. ஃபோர்மன் மூலைக்குப் போய் மண்டி போட்டுக் குனிந்துகொண்டார்.

டைட்டிலை இழந்து இருபது வருஷமும் ஆறு நாளும் ஆகியிருந்தன. கின்ஷாஸாவில் அலி அவருக்குச் செய்ததைத்தான், அடியை வாங்கிக்கொண்டு ஒரு தருணத்துக்காகக் காத்திருந்ததைத்தான், அவர் மூரருக்குச் செய்தார் என்பது என் கணிப்பு. பேசிவைத்து விழுகிற ஆள் உதடு கிழிய விழ மாட்டான் ஐயா.

கே: அவர் பெயரில் கிரில் அடுப்பு இருக்கிறதே, அதே ஆளா? (கோவை வாசகி)

ப: அதே ஆள்தான். சரிவாக இருக்கும், கொழுப்பு வழிந்து கீழே தட்டில் விழும். சிங்கப்பூரிலிருந்து ஒரு உறவினர் கொண்டுவந்ததில் எங்கள் வீட்டில் வஞ்சிரம் வாட்டியிருக்கிறோம், நன்றாகவே வந்தது. பத்து கோடிக்கு மேல் விற்றது. 1999இல் தன் பெயரைப் பயன்படுத்தும் உரிமையை மொத்தமாக எழுதிக்கொடுத்ததற்கு வந்தது கிட்டத்தட்ட 13 கோடியே 80 லட்சம் டாலர். முகம் சுளித்துக்கொண்டே இருந்த பழைய ஃபோர்மன் விற்றிருந்தால் யார் வாங்கியிருப்பார்கள்?

கே: பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே பெயராமே? (காரைக்கால் வாசகர்)

ப: ஐந்து மகன்கள், ஐந்து பேருக்கும் ஜார்ஜ். தலையில் இத்தனை அடி வாங்கினால் ஒரு பெயருக்கு மேல் ஞாபகம் இருக்குமா என்று அவரே ஜோக் அடிப்பார். மகள்களில் ஒருவர் ஜார்ஜெட்டா.

கே: கடைசிப் போட்டியில் அவரை ஏமாற்றிவிட்டார்கள் என்கிறார்களே? (நாகர்கோவில் வாசகர்)

ப: 1997 நவம்பர், ஷானன் பிரிக்ஸ். ஃபோர்மன் ஜெயித்தார் என்றுதான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் நினைத்தார்கள், தீர்ப்பு மாறி வந்தது. பிரிக்ஸுக்கு 25, இவருக்கு 48. ஆனால் 1995இல் ஜெர்மனியின் ஆக்ஸல் ஷூல்ஸோடு ஆடியபோது இதே மாதிரி ஒரு தீர்ப்பு இவர் பக்கம் விழுந்தது, அன்று ஷூல்ஸ்தான் ஜெயித்தார் என்று பலர் கத்தினார்கள். அதனால் பிரிக்ஸ் விஷயத்தில் எனக்குப் பெரிதாகக் கோபம் வரவில்லை. அவருக்கும் வரவில்லை போலிருக்கிறது, சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். மொத்தம் 81 போட்டி, 76 வெற்றி, அதில் 68 நாக்அவுட்.

2025 மார்ச்சில் 76 வயதில் காலமானார். நடுவில், 2004இல், 55 வயதில் இன்னொரு தடவை ரிங்கில் இறங்கப் போகிறேன் என்று கிளம்பியிருக்கிறார். மனைவி விடவில்லை.