மிட்டாயே வாங்காத வீட்டில் சொத்தைப் பல்

வாசகர் கேள்விகளுக்குக் குழந்தைகள் பல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது. மிட்டாய், சாக்லேட் எதையும் நாங்கள் வீட்டுக்குள் விடுவதில்லை. ஒரு சின்ன டப்பாவில் உலர் திராட்சை, பேரீச்சம்பழத் துண்டு, கோதுமை பிஸ்கட் எல்லாம் போட்டுக் கையில் கொடுத்துவிடுவேன். விளையாடிக்கொண்டே ஒவ்வொன்றாகத் தின்பான். தாகம் எடுத்தால் வீட்டிலேயே பிழிந்த பழச்சாறு. அப்படியிருந்தும் இரண்டு கடைவாய்ப் பற்களில் சொத்தை என்கிறார் டாக்டர். சாக்லேட் தின்னும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றுமே இல்லை. நான் வேறு என்னதான் கொடுப்பது? பசியோடு விட்டுவிடவா?

பதில்: பசியோடெல்லாம் விட வேண்டாம் அம்மா. ஆரோக்கியமானதைத்தான் கொடுக்க வேண்டும் என்று மெனக்கெட்டிருக்கிறீர்கள். அந்த அக்கறை எங்கும் போகாது. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது ஒரே ஒரு வரி: "விளையாடிக்கொண்டே ஒவ்வொன்றாக."

வாயில் குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்குச் சர்க்கரை எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றிக் கவலை இல்லை. மிட்டாயோ, தேனோ, பேரீச்சையோ, கிடைத்ததைத் தின்று அமிலத்தை வெளியே விடும். பல்லின் மேல் அமிலத்தன்மை ஏறி, பிஎச் அளவு (அமிலம் கூடக் கூடக் குறையும் எண்) ஏறத்தாழ 5.5-க்குக் கீழே போனதும் பல்லின் கடினமான மேலுறையான எனாமலில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் கரைய ஆரம்பிக்கும். அப்புறம் எச்சில் வந்து அமிலத்தைத் தணித்து, கரைந்ததில் கொஞ்சத்தைத் திரும்பப் பூசிவிடும். இதற்கு அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை பிடிக்கும். அந்த நேரத்தைத்தான் உங்கள் பையனின் பற்களுக்கு நாம் கொடுக்கவில்லை. கால்மணிக்கு ஒரு திராட்சை வாய்க்குள் போனால், ஒவ்வொரு திராட்சையும் கடிகாரத்தை மறுபடி முதலிலிருந்து ஓட வைக்கும்.

தின்பதன் அளவைவிட அடிக்கடி தின்பது பல்லுக்கு ஆபத்து என்பது வெகுநாளாகத் தெரிந்த விஷயம். சுவீடனில் விபேஹோல்ம் என்ற மருத்துவமனையில் 1940-களில் தொடங்கி ஒரு நீண்ட ஆய்வு நடந்தது. சாப்பாட்டோடு சேர்த்துச் சர்க்கரை கொடுத்தபோது சொத்தை அவ்வளவாகக் கூடவில்லை. சாப்பாட்டுக்கு நடுநடுவே ஒட்டும் மிட்டாய் கொடுத்தபோதுதான் எக்கச்சக்கமாகக் கூடியது. மனவளர்ச்சி குன்றிய நோயாளிகளை, அவர்கள் சம்மதம் இல்லாமலேயே இதற்குப் பயன்படுத்தினார்கள். இன்று யாரும் அனுமதிக்க மாட்டார்கள், அனுமதிக்கவும் கூடாது. இந்த முடிவைச் சொல்லும்போதெல்லாம் அதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது என் வழக்கம்.

சரி, டப்பாவுக்கு வருவோம். உலர் திராட்சையில் தண்ணீர் போய்விட்டதால் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். தூக்கி எறிய வேண்டியதில்லை. மதியச் சாப்பாட்டோடு ஒரு பிடி கொடுங்கள். எனக்குப் பெரிய சந்தேகம் பிஸ்கட் மேல்தான். கடைவாய்ப் பல்லின் மேற்புறத்தில் பள்ளமும் இடுக்குமாக இருக்கும். மென்ற பிஸ்கட் பசைபோல் குழைந்து அதற்குள் அப்பிக்கொள்ளும். தின்று பத்து நிமிடம் கழித்துப் பையனை வெளிச்சத்தில் வாய் திறக்கச் சொல்லிப் பாருங்கள், பள்ளம் முழுக்க வெள்ளையாக அடைத்துக்கொண்டிருக்கும். கோதுமை என்று அட்டையில் போட்டிருப்பதால் இது மாறிவிடாது.

பழச்சாறு விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருக்கச் சொல்வேன். வீட்டில் பிழிந்ததாகவே இருந்தாலும், பழச்சாற்றிலும் தேனிலும் உள்ள சர்க்கரையை உலகச் சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல் குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கில்தான் வைக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2017-இல் சொன்னது இன்னும் நேரடியானது: ஒரு வயதுக்குள் பழச்சாறே வேண்டாம், ஒன்றிலிருந்து மூன்று வயது வரை ஒரு நாளைக்கு அதிகம் போனால் 120 மில்லி. நான்கு வயது நிரம்பாத உங்கள் மகனுக்கும் இதே வரம்புதான்; தாகத்துக்குத் தண்ணீர்தான். பழத்தைப் பழமாகவே கடித்துத் தின்னட்டும்.

இனி நான் கேட்பது இவ்வளவே. மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு முறை தின்பண்டம், உட்கார வைத்து. தின்று முடித்ததும் டப்பா மூடப்பட வேண்டும், அடுத்த வேளை வரை தண்ணீர் மட்டும். நடுவேளைக்கு முட்டை, இனிப்புச் சேர்க்காத தயிர், வெள்ளரி, வேகவைத்த கேரட், சீஸ் எல்லாம் நல்லது. சீஸ் எச்சிலை ஊற வைப்பதோடு கால்சியத்தையும் கொடுக்கும். வேர்க்கடலை, பாதாம் போன்றவை பல்லுக்குச் சாதுவானவைதான், ஆனால் ஐந்து வயது வரை முழுசாகக் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழலில் சிக்கிக்கொள்ளும். அரைத்து, மெல்லிசாகத் தடவிக் கொடுக்கலாம். உலராத திராட்சைப் பழத்தையும் நீளவாக்கில் நறுக்குங்கள்.

முதல் வாரம் டப்பா கேட்டு அழுவான். கேட்கிற பாதி நேரம் பசியாக இருக்காது, கைக்கு வேலை இல்லாததுதான் காரணமாக இருக்கும். இன்னொன்று, சாக்லேட்டை இவ்வளவு பகைக்க வேண்டாம். நாள் முழுக்கக் கொறிக்கும் 'நல்ல' பண்டத்தைவிட, சாப்பாடு முடிந்த கையோடு தின்று தீர்க்கும் ஒரு துண்டு சாக்லேட் எனக்குத் தேவலை.

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று யார் பார்த்துச் சொன்னது? அடுத்தடுத்த பற்களுக்கு நடுவில் வரும் சொத்தை எக்ஸ்ரேயில்தான் தெரியும். அது கிடக்கட்டும். உங்கள் மகனின் இரண்டு பற்களையும் "விழப்போகும் பால் பல்தானே" என்று விட்டுவிடாதீர்கள். பால் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. முன்னாடியே பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பல் சாய்ந்து, பின்னால் வரும் பல்லுக்கு இடம் இல்லாமல் போகும்.

கேள்வி: ஒன்றேகால் வயது மகள் பால் பாட்டிலை வாயில் வைத்தபடிதான் தூங்குகிறாள். பால் பல்லுக்கு நல்லதுதானே?

பதில்: பகலில் நல்லது. தூக்கத்தில் எச்சில் ஊறுவது வெகுவாகக் குறைந்துவிடும், பால் மேல்வரிசை முன்பற்களைச் சுற்றித் தேங்கிவிடும். கீழ்வரிசையை நாக்கு மூடிக்கொள்வதால் அது பெரும்பாலும் தப்பிக்கும். மடியில் படுக்க வைத்து, மேல் உதட்டைத் தூக்கி, ஈரத்துணியால் பல்லைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஈறை ஒட்டி சுண்ணாம்பு தீட்டியதுபோல் வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சொத்தையின் ஆரம்பம். அந்தக் கட்டத்தில், எனாமலை உறுதியாக்கும் ஃபுளோரைடு பூச்சும் பழக்க மாற்றமும் சேர்ந்தால் திரும்பச் சரியாக வாய்ப்பு உண்டு, அதனால் தள்ளிப்போடாதீர்கள். பழுப்பாகிக் குழி விழுந்துவிட்டால் திரும்பாது. பாலைப் படுக்கும் முன்பு கப்பில் கொடுத்து, பல் தேய்த்துவிட்டுத் தூங்க வையுங்கள். பாட்டில் இல்லாமல் முடியவே முடியாது என்றால் அதில் தண்ணீர்.

கேள்வி: மூன்று வயதுப் பேத்திக்குப் பேஸ்ட் எவ்வளவு? விழுங்கிவிடுகிறாளே என்று வெறும் பிரஷ்ஷால் தேய்க்கிறேன்.

பதில்: ஃபுளோரைடு உள்ள பேஸ்ட் இல்லாமல் தேய்த்தால் பாதி வேலைதான் ஆகும் ஐயா. மூன்று வயது நிரம்பும்வரை அரிசி அளவு, அதன்பின் ஆறு வயது வரை பட்டாணி அளவு. அவ்வளவு சின்னதை விழுங்கினாலும் பயமில்லை. துப்பச் சொல்லிப் பழக்குங்கள், தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்க வேண்டாம். இரவில் கட்டாயம், காலையில் இன்னொரு முறை. பிரஷ்ஷை அவள் கையில் விளையாடக் கொடுங்கள், தேய்ப்பது நீங்கள்தான். ஏழு வயது வரைக்குமாவது.

கேள்வி: அடிக்கடி சளிக்குச் சிரப் கொடுக்கிறோம். அதுவும் பல்லைக் கெடுக்குமா?

பதில்: இனிப்புச் சிரப் என்றால் கெடுக்கும், அதுவும் பல் தேய்த்த பிறகு தூங்கும் நேரத்தில் கொடுத்தால். சர்க்கரை சேர்க்காத வகை இருக்கிறதா என்று மருந்து எழுதும்போதே கேளுங்கள். இல்லையென்றால் சாப்பாட்டு நேரத்தோடு கொடுக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இராத்திரி கொடுத்தே ஆக வேண்டியிருந்தால் முதலில் மருந்து, அப்புறம் பிரஷ்.